மஸ்கட் நின்றுபோகும் வெள்ளிக்கிழமை

"ஆஷ்லின் கண்ணு, இந்த வயசுல எது முக்கியம் தெரியுமா?" என்று இன்னாசிராஜ் ஆரம்பித்த மறு விநாடி மஸ்கட் நின்றுபோனது.

ஊர் நிற்கவில்லை, லாப்டாப்புக்குள் தெரிந்த மஸ்கட்தான் நின்றது. மகள் ஜாக்குலின் கன்னத்தில் கை வைத்தபடி நின்றுபோனாள். மருமகன் டோமினிக் இட்லித் துண்டை வாய்க்கு ஒரு சாண் தள்ளிப் பிடித்தபடி நின்றுபோனார். மூன்றாம் வகுப்புப் பேத்தி ஆஷ்லின் கடித்த பென்சிலும் வாயுமாகச் சிலையானாள்.

இன்னாசிராஜ் லாப்டாப்பின் முதுகில் தட்டினார். அது கேட்கவில்லை. "அலோ, அலோ" என்று கத்தினார். லாப்டாப்பே இல்லாவிட்டாலும் அந்தக் குரல் திண்டிவனத்திலிருந்து கடலைத் தாண்டி மஸ்கட் போய்ச் சேர்ந்திருக்கும். உள்ளே ஒருவரும் அசையவில்லை.

அடுப்படியிலிருந்து முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு அமல்ராணி வந்தாள். "கொஞ்சம் நகருங்க" என்று கணவரின் நாற்காலியில் உட்கார்ந்து, இன்றைக்கு என்ன குழம்பு என்று மகளைக் கேட்டாள். மஸ்கட் உயிர் பெற்றது. இட்லி வாய்க்குள் போனது. வஞ்சிர மீன் விலையிலிருந்து பக்கத்து பிளாட்டுக்காரியின் பிரசவம் வரை அரைமணி நேரம் படம் கண்ணாடி மாதிரி தெளிவாக ஓடியது.

இன்னாசிராஜுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அவர் திண்டிவனம் பஸ் நிலையத்தில் டைம் கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர். சர்வீஸ் முழுக்க விசில் ஊதிப் பஸ்களைக் கிளப்பியே ஆயுசு போனது. எந்த டிரைவரும் அவர் ஒரு வாக்கியத்தை முடிக்கும்வரை நின்றதில்லை. அப்படிப் பாதியில் விட்டுப்போன வாக்கியங்களெல்லாம் மனதுக்குள் மூட்டை மூட்டையாகச் சேர்ந்திருந்தன. மஸ்கட்டில் வெள்ளிக்கிழமை லீவு என்பதால், ஜெபமாலை முடிந்த கையோடு வாராவாரம் அந்த மூட்டைகளை அவிழ்க்க உட்காருவார். முதல் முடிச்சிலேயே மஸ்கட் நின்றுவிடும்.

இத்தனை நாள் பொறுத்தாயிற்று. இனிப் பொறுக்க முடியாது. அடுத்த மாதம் ஆஷ்லினுக்குப் புதுநன்மை, கோயிலில் முதன்முதலாக நற்கருணை வாங்கும் நாள். விசாவும் முட்டியும் ஒத்துழைக்காததால் அவரால் மஸ்கட் போக முடியாது. ஒரே பேத்தி, அவளுக்குச் சொல்லவேண்டிய ஆசீரை லாப்டாப் வழியாகத்தான் சொல்லவேண்டும். முழுசாகச் சொல்லவேண்டும்.

"உன்கிட்ட நிக்காம ஓடுது, என்கிட்ட மட்டும் ஏன் நிக்குது?" என்று மனைவியைக் கேட்டார். கேட்டவரே பதிலும் சொன்னார். "உன்னுது மீன் கொழம்புப் பேச்சு, லேசு. என் பேச்சு கனம். பழைய சிஸ்டம் தாங்கல."

"அதுக்கு ஏன் சிஸ்டத்த மாத்தணும்? நீங்க நாலு வார்த்தையோட நிறுத்திப் பாருங்களேன்" என்றாள் அமல்ராணி.

"ஒரு மெஷினுக்கு பயந்துகினு நான் பேச்ச கொறைக்கணுமா?"

பக்கத்து வீட்டு நடராசன் மல்லாட்டை என்கிற வேர்க்கடலைக்கு மண்டி வைத்திருப்பவர். கம்ப்யூட்டரில் மூட்டைக் கணக்கு போடுகிறவர் என்பதால் தெருவுக்கே நிபுணர். லாப்டாப்பில் இருந்த எக்ஸ்பி என்ற பழைய சிஸ்டத்தை மாற்றவே கூடாது என்று சத்தியம் செய்தார். உள்ளே குப்பை சேர்ந்திருக்கிறது, பெயர் புரியாத ஃபைலையெல்லாம் அழித்துவிட்டால் குதிரை மாதிரி ஓடும் என்றார். இருவரும் சேர்ந்து ஒரு மத்தியானம் முழுக்க அழித்தார்கள். இங்கிலீஷில் இருந்த எதுவுமே இருவருக்கும் புரியாததால் நிறையவே அழிந்தது.

அந்த வெள்ளிக்கிழமை படம் வந்தது. இங்கிருந்து குரல் போகவில்லை. அது தெரியாமல் இன்னாசிராஜ் பேசினார். பேசினார், பேசிக்கொண்டே இருந்தார். மஸ்கட் நிற்கவேயில்லை. ஜாக்குலின் காதைத் தொட்டுக் காட்டிச் சிரித்தாள். டோமினிக் கொட்டாவி விட்டார். ஆஷ்லின் வாழைப்பழம் ஒன்றை உரித்துத் தின்றே முடித்தாள். கடைசியில்தான், ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை என்று மகள் ஒரு காகிதத்தில் எழுதிக் காட்டினாள்.

மனிதர் நொந்துபோகவில்லை, துள்ளினார். குரல் போகாதபோது ஓடுகிறது, குரல் போனால் நிற்கிறது. ஆக, அவர் குரலைச் சுமக்கத்தான் சிஸ்டத்துக்குத் தெம்பில்லை. இதற்குமேல் என்ன அத்தாட்சி வேண்டும்?

மறுநாளே விழுப்புரத்துக்குப் பஸ் ஏறினார். ஜங்ஷன் பக்கம் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருந்த சீனுவாசன் லாப்டாப்பைத் திறந்து, மூடி, மறுபடி திறந்து, ஆபரேஷன் தியேட்டரிலிருந்து வெளியே வந்த டாக்டர் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டான்.

"எக்ஸ்பிய கம்பெனிக்காரனே கை கழுவிட்டான் சார். புது சிஸ்டம், செவன் போடலாம். ஆனா இதுக்கு வயசாயிடுச்சு. தாங்குனாலும் தாங்கும், படுத்தாலும் படுத்துக்கும். வீட்ல கலந்துகினு சொல்லுங்க."

கலந்துகொண்டார். வீட்டோடு மட்டுமல்ல. பஸ் நிலையத்து டீக்கடை இரண்டு கட்சியாகப் பிரிந்தது. செவன் கட்சிக்காரர்கள் எக்ஸ்பி கட்சிக்காரர்களின் டீயைத் தொடமாட்டோம் என்றார்கள். இரண்டுமே என்னவென்று தெரியாத ஒரு மயிலம் பஸ் கண்டக்டர்தான் எல்லாரையும்விட ஆவேசமாகப் பேசினார். ஞாயிறு பூசையில் லாப்டாப்புக்காக ஒரு மன்றாட்டு வைக்கும்படி இன்னாசிராஜ் பங்குச்சாமியாரைக் கேட்டுக்கொண்டார். சாமியார் அதைப் பொதுவாக்கி, "நம் வீடுகளில் பழுதுபட்டுக் கிடக்கும் அனைத்துக்காகவும்" என்று வாசித்தார். கோயிலில் பெண்கள் பக்கத்திலிருந்து பாதிப் பேர் ஆண்கள் பக்கத்தைத் திரும்பிப் பார்த்தார்கள்.

அமல்ராணி மட்டும் ஒரே பிடியாக இருந்தாள். "இருக்கறபடி இருக்கட்டுங்க. சிஸ்டத்த மாத்திட்டு அப்பறம் வருத்தப்படாதீங்க."

"நான் ஏன் வருத்தப்படறேன்?" என்று சொல்லிவிட்டு, இன்னாசிராஜ் போய் செவன் ஏற்றிக்கொண்டு வந்தார்.

அந்த வெள்ளிக்கிழமை குரல் போனது, படமும் போனது. ஆனால் படம் தலைகீழாகப் போனது. பழைய கேமராவுக்குப் புதுச் சிஸ்டத்தில் மேல் கீழ் தெரியவில்லை. "அம்மா, தாத்தா வவ்வால் மாரி தொங்கறாரு" என்று ஆஷ்லின் சிரித்ததில் டோமினிக்குக்குப் புரையேறியது. இன்னாசிராஜ் யோசித்தார். லாப்டாப்பையே தலைகீழாக்கி, இரண்டு அரிசி டப்பாக்களுக்கு நடுவில் செருகினார். அங்கே தாத்தா நேராகிவிட்டார். இங்கே மகள், மருமகன், பேத்தி மூவரும் விட்டத்திலிருந்து தொங்கினார்கள். தொங்குகிற பிள்ளைக்கு அறிவுரை சொல்ல அவருக்கு மனசு வரவில்லை.

மறுபடி விழுப்புரம். சீனுவாசன் கேமராவை நிமிர்த்தியதில் ஸ்பீக்கர் படுத்தது. ஸ்பீக்கரை எழுப்பியதில் விசிறி பஸ் இன்ஜின் மாதிரி இரைந்தது. விசிறியை மாற்றி, மெமரியைக் கூட்டி, புது நெட்டும் போட்டபிறகு, பழைய லாப்டாப்பில் பழசு என்று சொல்ல மூடி மட்டும்தான் மிச்சமிருந்தது. "இனிமே நீங்க பைபிள மொத்தமா வாசிச்சாலும் நிக்காது சார்" என்று சீனுவாசன் வாக்குக் கொடுத்தான்.

புதுநன்மை வெள்ளிக்கிழமை வந்தது. இன்னாசிராஜ் வெள்ளை வேட்டி சட்டையில், பவுடர் பூசி, நேரத்துக்கு முன்பே உட்கார்ந்துவிட்டார். இணைப்பு கிடைத்ததும் அவருக்கே மூச்சு நின்றது. அப்படி ஒரு தெளிவு. பேத்தியின் வெள்ளை முக்காட்டில் பூவேலை தெரிந்தது. பாயசத்தில் மிதந்த முந்திரி தெரிந்தது.

"தோத்திரம் தாத்தா" என்று ஆஷ்லின் மண்டியிட்டுக் கை குவித்தாள். அவர் கண் கலங்கிப்போய், திரையில் அவள் நெற்றி இருந்த இடத்தில் கட்டைவிரலால் சிலுவை போட்டார். ஜாக்குலினும் அழுதுவிட்டாள். பூசை எப்படி நடந்தது, யார் யார் வந்தார்கள் என்று பேச்சு நன்றாகவே ஓடியது.

அப்புறம் இன்னாசிராஜ் கண்ணாடியை மாட்டினார். தொண்டையைச் செருமினார். அமல்ராணி அடுப்பில் ஏதோ இருப்பது ஞாபகம் வந்து எழுந்து போனாள்.

"ஆஷ்லின் கண்ணு, இந்த நல்ல நாள்ல தாத்தா ஒனக்கு நாலு வார்த்த சொல்லணும்."

மஸ்கட் நின்றுபோனது. ஜாக்குலின் கண்ணைத் துடைத்த கர்சீப்போடு நின்றாள். டோமினிக் கேக்கை ஒரு சாண் தள்ளிப் பிடித்தபடி நின்றார். ஆஷ்லின் மண்டியிட்டபடி, சிறகில்லாத சம்மனசு மாதிரி நின்றுபோனாள்.

இன்னாசிராஜ் தட்டவில்லை, கத்தவுமில்லை. சோர்ந்துபோய்ச் சட்டைப் பையிலிருந்து செல்போனை எடுத்து விழுப்புரத்தைக் கூப்பிட்டார்.

"சீனுவாசா, செவனும் நின்னுடுச்சுப்பா."

"நிக்க வாய்ப்பே இல்லையே சார்."

"கண்ணெதிர நின்னுகினு இருக்குது. என் பேச்ச தாங்கற மாரி புதுசா ஒரு லாப்டாப்பே எடுத்து வையி. நாளைக்கு வர்றேன்."

அப்போது நின்றுபோன மஸ்கட்டுக்குள்ளிருந்து, உதடு மட்டும் அசைய, ஒரு சின்னக் குரல் சுத்தமாகக் கேட்டது.

"அம்மா, கால் மரத்துப்போச்சும்மா. இன்னிக்கு எனக்குத்தான ஃபங்ஷன், நான் மட்டும் கொஞ்சம் அசைஞ்சுக்கட்டுமா?"