டாக்ஸியை ரத்து செய்யக் கோரி, முகப்பு விளக்குகள் சார்பாக

அன்புள்ள அக்காவுக்கு,

தங்கை எழுதுவது. இங்கே அம்மா, அப்பா, நான், கார் ஆகிய நால்வரும் நலம். கார் மட்டும் நேற்று மாலையிலிருந்துதான் நலம். அங்கே நீயும், உன் வார்டில் இருக்கும் நோயாளிகளும், உன் அறைத்தோழியின் இருமலும் எப்படி என்று அறிய ஆசை. இருமல் மட்டும் நலமாக இல்லாதிருந்தால் மகிழ்ச்சி. போனில் பேசாமல் ஏன் கடிதம் என்று கேட்பாய். நம் வீட்டில் ஒருவர் போன் பேசினால் மற்ற இருவரும் பக்கத்தில் வந்து நிற்கிறார்கள். இதுவோ அப்பா காதில் விழக் கூடாத விஷயம்.

சொல்ல வந்ததை முதலிலேயே சொல்லிவிட வேண்டும் என்பார் எங்கள் தமிழ் ஆசிரியை. எனவே சொல்கிறேன். வருகிற சனிக்கிழமை ரயில் நிலையத்திலிருந்து டாக்ஸியில் வருவதாகச் சொன்னாயே, அதை நீ ரத்து செய்ய வேண்டும். அப்பாதான் உன்னை அழைத்து வர வேண்டும். காரணங்களைக் கீழே விவரிக்கிறேன். நடுநடுவே நம் குடும்பத்துக்குப் பெருமை சேர்க்காத செய்திகளும் வரும், பொறுத்துக்கொள்.

போன முறை நீ வந்தபோது மரக்கடைத் திருப்பத்தில் கார் சாலையை விட்டு இறங்கி, மணல் குவியலில் மூக்கை நுழைத்துக்கொண்டு நின்றதல்லவா? யாருக்கும் ஒரு கீறலும் இல்லை. ஆனால் நீ ஊருக்குப் போனதும் போன் செய்து, "இனிமே ஸ்டேஷனுக்கு வராதீங்கப்பா, நான் டாக்ஸி பிடிச்சு வந்துக்கறேன்" என்றாய். அப்பா "சரிம்மா" என்றார். அந்தச் "சரிம்மா"வை நீ காதால் கேட்டாய், நான் கண்ணால் பார்த்தேன். போனை வைத்துவிட்டு வெளியே போய், ஏற்கெனவே துடைத்திருந்த காரை இன்னொரு தடவை துடைத்தார். சாப்பிட உட்கார்ந்தபோது அம்மா, "என்ன, வாயில கொழுக்கட்டையா? பேச்சையே காணோம்?" என்று கேட்டாள். அப்பா தட்டைப் பார்த்தபடி, "வெளிச்சம் பத்தலை" என்றார். "நல்லாத்தானே எரியுது ட்யூப் லைட்டு?" "கார் வெளிச்சம். அன்னிக்கு அது பத்தாமத்தான் வண்டி இறங்கிடுச்சு."

எனக்கு அந்த ஒரு வாக்கியம் போதுமானதாக இருந்தது. மறுநாள் பள்ளி முடிந்ததும் நூலகத்துக்குப் போய், மோட்டார் வாகனங்களைப் பற்றிய தடிமனான புத்தகத்தை எடுத்து, விளக்குகள் என்ற அத்தியாயத்தைப் படித்தேன். நம் காரில் இருப்பது ஹாலஜன் பல்பு, உள்ளே ஒரு மெல்லிய கம்பி சூடாகி எரியும். அதைவிட மேலானது செனான். அதில் கம்பியே கிடையாது. ஒரு சிறிய கண்ணாடிக் குமிழுக்குள் வாயுவை அடைத்து, அதற்குள் மின்பொறியைத் தாவ வைக்கிறார்கள். வெளிச்சம் இரண்டு மூன்று மடங்கு, பகல் போன்ற வெண்மை. படத்தோடு போட்டிருந்தது. படத்தைப் பார்த்ததும் என்னால் உட்கார முடியவில்லை. புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு நேராக நம் மருந்துக்கடைக்கு ஓடி, மருந்துச் சீட்டுகளோடு நின்றவர்களை விலக்கிவிட்டு, பழைய அட்டைப்பெட்டி ஒன்றின் முதுகில் படம் வரைந்து அப்பாவுக்கு விளக்கினேன். அப்பா என்னைப் பார்த்துக்கொண்டே கேட்டார். வரிசையில் நின்ற ஒருவர், "பாப்பா, எனக்கு வயிற்றுவலி, வெளிச்சத்தை அப்புறம் பார்த்துக்கலாமா?" என்று கேட்கும்வரை கேட்டார்.

அந்த வாரமே கார் எலக்ட்ரீஷியனிடம் போனோம். ஊரே அவரை 'பியூஸ்' என்றுதான் கூப்பிடுகிறது, அவரும் கோபிப்பதில்லை. பானட்டைத் திறந்து பார்த்துவிட்டு, "சார், இந்தக் கூடு பழைய பல்புக்குன்னு செஞ்சது. இதுக்குள்ள அதைப் போட்டா சரிப்படாது" என்றார். அப்பா பெருமையாக, "என் பொண்ணு புத்தகத்துலயே படிச்சிருக்கா" என்றார். பியூஸ் என்னைத் தலை முதல் கால் வரை பார்த்தார். "அப்படியா? அப்ப வயரிங்கையும் புத்தகத்தையே பண்ணச் சொல்லுங்க." ஆனாலும் அப்பா முகத்தைப் பார்த்து மனம் இளகி, மாட்டிக் கொடுத்தார். செனானுக்கு மின்சாரத்தைப் பலமாக்கித் தர விளக்குக்கொரு சின்ன இரும்புப் பெட்டி தேவை. அதற்கு நம் காரில் இடமில்லை என்பதால், ஹாரனுக்குப் பக்கத்தில் இரண்டையும் கட்டி வைத்தார். அன்றிலிருந்து விளக்கைப் போட்டால் ரேடியோ வெங்காயம் வதக்குவது போல் சடசடக்கும். வெளிச்சமா, செய்தியா, இரண்டில் ஒன்றைத்தான் நாங்கள் தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தது.

முதல் நாள் மாலை தெருமுனையில் கார் திரும்பியபோது எப்படி இருந்தது தெரியுமா! முதலில் லேசான நீலம், இரண்டு மூன்று நொடியில் பட்டப்பகல். எதிர்வீட்டு மொட்டைமாடியில் காயப் போட்டிருந்த சட்டையில் பொத்தான் இல்லாததுகூடத் தெரிந்தது. ஏழு மணிக்கே படுத்துவிடும் அந்த வீட்டு ரிட்டயர்டு ஹெட்கிளார்க் மாமா, விடிந்துவிட்டது என்று நினைத்து, கைத்தடியோடு காலை நடைக்குப் புறப்பட்டு வாசலுக்கு வந்துவிட்டார். நம் வீட்டு வாசலில் வண்டி நின்றதும் அம்மா வெளியே வந்து, கார் வெளிச்சத்தில் சுவரைப் பார்த்து, "இத்தனை நாளா இந்தச் சுவரை வச்சுக்கிட்டா குடித்தனம் பண்றோம்?" என்று அங்கேயே துடைப்பத்தை எடுத்து ஒட்டடை அடிக்க ஆரம்பித்தாள். "அணைக்காதீங்க, இன்னும் அந்த மூலை இருக்கு!" அப்பா அரைமணி நேரம் விளக்கைப் பிடித்துக்கொண்டு நின்றார். காரின் உபயத்தால் வீடு சுத்தமானது என்பதையும் நீ காரணங்களில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

இனிமேல்தான் பெருமை சேர்க்காத பகுதி. நீ வரும் நாளுக்குள் கை பழக வேண்டும் என்று அப்பா தினமும் கடை மூடியதும் ரயில் நிலையம் வரை போய் வர ஆரம்பித்தார். நானும் அம்மாவும் கூடப் போவோம். போகும் வழியெல்லாம் எதிரில் வருகிற வண்டிகள் எங்களைப் பார்த்து விளக்கைச் சிமிட்டின. ஒன்றிரண்டு இல்லை, எல்லாமே. இருபது வருடமாக மருந்துக்கடை வைத்திருப்பவருக்கு ஊரில் தெரியாதவர் உண்டா? அதனால் அப்பா எல்லாருக்கும் கையை ஆட்டினார். ஆளை முகத்தால் அவர் அடையாளம் வைத்துக்கொள்வதில்லை, உனக்குத்தான் தெரியுமே. "வெள்ளைக் கார் போகுது பார், நம்ம அல்சர். பாவம், இப்ப குணமாயிட்டார். அடடே, மூட்டுவலி! லாரி வாங்கிட்டாரா? அந்த வேன்ல யாரு? தைராய்டு மாதிரி இருக்கு." சிலர் ஹாரனும் அடித்தார்கள். ஒருவர் ஜன்னல் வழியாக எதையோ உரக்கச் சொல்லிவிட்டுப் போனார். "என்ன சொன்னாரு?" என்றார் அப்பா. பின்சீட்டிலிருந்து அம்மா, "உங்க குடும்பத்தை விசாரிச்சாரு" என்றாள். அப்பா நெகிழ்ந்துபோய், "காருக்கு ஒரு வெளிச்சத்தைப் போட்டதும் எத்தனை மரியாதை!" என்றார். இப்படி ஒன்பது நாள்.

பத்தாவது நாள் எதிரே வந்த டவுன் பஸ் நின்றது. டிரைவர் இறங்கி, கண்ணைக் கையால் மறைத்துக்கொண்டு எங்கள் ஜன்னலுக்கு வந்தார். அப்பா உற்சாகமாக, "என்னப்பா, கண் எரிச்சல் எப்படி இருக்கு? சொட்டு மருந்து கேக்குதா?" என்றார். டிரைவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு மிகவும் மரியாதையாக, "ஐயா, பத்து நாளா உங்க கடையிலதான் கண்ணுக்கு மருந்து வாங்கறேன். எதனால வாங்கறேன்னு இப்பத்தான் தெரியுது" என்றார். அப்பாவின் கை ஸ்டியரிங்கிலேயே நின்றது. "அப்ப எல்லாரும் லைட்டைப் போட்டுக் காட்டினது...?" "அணைங்கன்னுதான் ஐயா. வேற எப்படிச் சொல்றது? நீங்க சிரிச்சுக் கையாட்டிட்டுப் போறீங்க. டிப்போல எல்லாரும் உங்களுக்கு என்னமோ ஆயிடுச்சுன்னு பேசிக்கறாங்க."

அப்பா உடனே விளக்கை அணைத்துவிட்டார். இருட்டில் அவர் முகம் தெரியவில்லை, நல்லவேளை. டிரைவரே மனம் கேளாமல், "நான் ஸ்டேஷன் போய்த் திரும்பி வரேன், எம் பின்னாலயே வாங்க" என்றார். அப்படியே காத்திருந்து, சின்ன விளக்குகளை மட்டும் எரியவிட்டு, பஸ்ஸின் சிவப்பு விளக்கைப் பிடித்துக்கொண்டு வந்தோம். பஸ் ஒவ்வொரு நிறுத்தத்திலும் நின்றது. நாங்களும் ஒவ்வொரு நிறுத்தத்திலும் நின்றோம். ஒரு அம்மையார் நம் கார்க் கதவையே திறக்கப் பார்த்தார். "டிக்கெட் கிழிக்கிறது ஒண்ணுதான் பாக்கி" என்றாள் அம்மா. அப்பா சிரிக்கவில்லை. வீட்டுக்கு வந்ததும், "ஒன்பது நாளா எத்தனை பேர் கண்ணைக் கூச வச்சிருக்கேன். அதுவும் என்கிட்டயே மருந்து வாங்கறவங்க" என்று மட்டும் சொன்னார்.

அக்கா, இதில் குற்றவாளி நான். நூலகத்துக்கு மறுபடி போய் அந்தப் புத்தகத்தை எடுத்து, அன்று திருப்பாமல் விட்ட பக்கத்தைத் திருப்பினேன். அந்தப் பக்கத்தின் முதல் சொல், 'ஆனால்'. ஆனால், செனானுக்கென்றே செய்த கூடும் அதற்கென்றே வளைத்த கண்ணாடியும் வேண்டும், ஹாலஜன் கூட்டுக்குள் அதைத் திணித்தால் வெளிச்சம் சாலையில் விழாமல் எதிரில் வருபவர் கண்ணில் சிதறும் என்று எழுதியிருந்தது. பியூஸ் சொன்ன அதே விஷயம், கொஞ்சம் நீளமாக. ஒரு புத்தகத்தில் 'ஆனால்' வருவதற்குள் எழுந்து ஓடக் கூடாது என்று அன்று கற்றுக்கொண்டேன். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று யாராவது என்னைப் பார்த்துச் சொல்லியிருந்தால் அழுதிருப்பேன். யாரும் சொல்லவில்லை. அதற்காகவும் கொஞ்சம் அழுதேன்.

நேற்று பியூஸ் செனானைக் கழற்றிவிட்டு ஹாலஜனையே மாட்டினார். மாட்டும்போது விளக்குக்கு முன்னால் இருக்கும் பிளாஸ்டிக் மூடியை விரலால் தேய்த்துப் பார்த்து, "சார், இது வெயில்ல காஞ்சு மஞ்சளாயிடுச்சே. உள்ள எதை எரிச்சாலும் வெளிய மங்கலாத்தான் வரும்" என்றார். நைஸான உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்து, பொறுமையாக முக்கால் மணி நேரம் தேய்த்து, ஒரு பசையைப் போட்டுத் துணியால் துடைத்தார். மூடி பளிங்கு போல ஆகிவிட்டது. அப்பா, "இவ்வளவுதானா?" என்றார். "இவ்வளவுதான். ஜன்னலைத் துடைக்காம வீட்டையே மாத்தப் போனீங்க." மாலை அதே சாலையில் போய் வந்தோம். மரக்கடைத் திருப்பம் ஓரக்கல் உட்படத் தெளிவாகத் தெரிந்தது. எதிரில் வந்தவர்களில் ஒருவர்கூட விளக்கைச் சிமிட்டவில்லை. பாதி வழியில் அப்பா கொஞ்சம் ஏக்கத்தோடு, "யாருமே கண்டுக்கலையே" என்றார்.

எனவே வெளிச்சப் பிரச்சினை தீர்ந்தது. நீ டாக்ஸி சொன்ன காரணமும் தீர்ந்தது. இன்னொன்றும் சொல்கிறேன், சொல்லக் கூடாதுதான். நேற்று கார் டாஷ்போர்டில் டார்ச் தேடியபோது, கடை பில் காகிதத்தின் பின்பக்கத்தில் அப்பா கையெழுத்தைப் பார்த்தேன். 'மெஸ் சாப்பாடு. நைட் டூட்டி எத்தனை நாள். செருப்பு கடிக்குதா. அந்த சீனியர் நர்ஸ் இன்னும் திட்டறாங்களா.' உன்னிடம் கேட்க வேண்டியவை, அக்கா. வீட்டுக்குள் வந்துவிட்டால் உன்னை அம்மா பிடித்துக்கொள்வாள், பிறகு நான் பிடித்துக்கொள்வேன். அப்பாவுக்கென்று இருப்பது ஸ்டேஷனிலிருந்து வீடு வரைக்குமான அந்த நாற்பது நிமிடம்தான். நீ டாக்ஸியில் வந்தால் அந்தக் காகிதத்தில் இருப்பதை அவர் யாரிடம் கேட்பார்?

ஆகவே தயைகூர்ந்து டாக்ஸியை ரத்து செய். அம்மாவுக்கு இந்தக் கடிதம் தெரியாது. தெரிந்தால் என்ன சேர்க்கச் சொல்வாள் என்று எனக்குத் தெரியும் என்பதால் நானே எழுதிவிடுகிறேன்: வேளைக்குச் சாப்பிடு, ஈரத்தலையோடு படுக்காதே, நூறு வயது இரு. என் சார்பில் அன்பு. காரின் சார்பில் வணக்கம், அதிகம் கண் கூசாத அளவில்.

இப்படிக்கு,
எல்லாப் பழியையும் ஏற்றுக்கொள்ளும்
உன் தங்கை

பி.கு.: உறையை ஒட்டப் போகிற நேரத்தில் அப்பா அறைக்குள் வந்துவிட்டார். "அக்காவுக்கா?" என்றார். ஆமாம் என்றேன். "காரைப் பத்தியா?" பொய் சொல்ல வாயைத் திறந்தேன், வரவில்லை. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, என் பேனா மூடியைத் திருகித் திருகிக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தார். பிறகு, "வெளிச்சம் எல்லாம் நல்லாத்தாம்மா இருந்துச்சு. மஞ்சளோ வெள்ளையோ, பழைய வெளிச்சமே போதும். அன்னிக்கு நான் கண்ணசந்துட்டேன்" என்றார். "காலையிலேர்ந்து கவுண்டர்ல நின்ன களைப்பு. அவ பக்கத்துல உட்கார்ந்து ஏதோ சொல்லிக்கிட்டே வந்தா, கேக்கச் சுகமா இருந்துச்சு. மணல்ல ஏறினப்பதான் முழிச்சேன்." "அக்காவுக்குத் தெரியுமாப்பா?" "பார்த்துட்டா. உன்கிட்டயோ அம்மாகிட்டயோ ஒரு வார்த்தை சொல்லலை பார். வராதீங்கன்னு மட்டும்தான் சொன்னா." "அப்ப எதுக்குப்பா செனான்?" "எனக்குச் சொல்ல வெட்கமா இருந்துச்சு. நீ புத்தகத்தைத் தூக்கிக்கிட்டு ஓடி வந்து படம் போட்டுக் காட்டினியா, எனக்கே வெளிச்சம்தான் காரணம்னு நம்பிக்கை வந்துடுச்சு."

ஆகவே மேலே உள்ள அனைத்தையும் வாபஸ் பெறுகிறேன். டாக்ஸியை ரத்து செய்யாதே. ஆனால் ஸ்டேஷனில் நீயாக ஒன்றைப் பிடிக்கவும் பிடிக்காதே. அப்பா இங்கிருந்தே ஒரு டாக்ஸியில் ஸ்டேஷனுக்கு வருவார். வண்டியை டாக்ஸிக்காரர் ஓட்டட்டும், நீங்கள் இருவரும் பின்சீட்டில் உட்கார்ந்து பேசிக்கொண்டே வாருங்கள். இதற்கு அப்பா சம்மதித்துவிட்டார். எழுந்து போனவர் கதவருகே நின்று, "அவ பேசிக்கிட்டிருக்கும்போது நான் மறுபடி தூங்கிட்டா கோவிச்சுப்பாளாம்மா?" என்று கேட்டார். உன்னைக் கேட்காமல் நானே பதில் சொல்லிவிட்டேன், அக்கா. தாராளமாகத் தூங்கலாம், வீடு வந்ததும் நீ எழுப்புவாய் என்று.