வெர்டேலோவும் எவர்சில்வர் டம்ளரும்

கலிபோர்னியாவிலேயே ஒயினை அண்ணாந்து குடித்த ஒரே மனுஷி எங்கள் டம்ளர் அக்காதான். போட்டிக்கு யாராவது வந்தால் முதலில் அவர்கள் சட்டையைப் பார்ப்பேன். கறை இருந்தால் தோற்றுவிட்டார்கள் என்று அர்த்தம். அக்காவின் சட்டையில் ஒரு சொட்டு சிந்தி நான் பார்த்ததில்லை.

பிளசன்டனில் எங்கள் அப்பார்ட்மென்டில் எனக்கு நேர் மேல்வீடு அவளுக்கு. திண்டுக்கல்காரி. சாஃப்ட்வேர் கம்பெனியில் டெஸ்டிங் வேலை. அடுத்தவர் செய்ததில் குற்றம் கண்டுபிடிக்கச் சம்பளம் வாங்கினாள். வீட்டுக்கு வந்த பிறகு அதையே இலவசமாகச் செய்வாள். அவள் கைப்பையில் பர்ஸ் இல்லாமல் போகலாம், போன் இல்லாமல் போகலாம், விளிம்பு வைத்த எவர்சில்வர் டம்ளர் இல்லாமல் போகாது. காபிக் கடையிலும் அதைத்தான் நீட்டுவாள். என்ன பெயர் எழுத என்று கேட்டால், "நோ நேம். டம்ளர்" என்பாள். அந்தப் பெயரே நிலைத்துவிட்டது.

"வெளியில குடுக்கிற கிளாஸ்ல எத்தனை பேர் வாய் வெச்சானோ! கழுவுறேங்கிறான். நீ பாத்தியா செல்வி? நான் பாக்கலை."

எச்சில் விஷயத்தில் இத்தனை கறாரானவளுக்கு ஒயின் பிடித்துப்போனது கடவுள் செய்த குறும்பு. ராத்திரிச் சாப்பாட்டோடு டம்ளரில் ஒரு விரல் அளவு. அதற்கு மேல் கிடையாது. ஆனால் அந்த ஒரு விரலைப் பற்றி ஒரு மணி நேரம் பேசுவாள்.

அவளுக்கு வருஷத்தில் ஒரே பண்டிகைதான். மலைக்கு அந்தப் பக்கம் லோடி ஊரில் திராட்சைத் தோட்டங்கள் நிறைய. அங்கே போர்ச்சுகல் வழிவந்த சில குடும்பங்கள் தங்கள் ஊர்த் திராட்சையான வெர்டேலோவைப் பயிர் செய்கிறார்கள். பச்சை வெள்ளையாக, சின்னச் சின்னதாக இருக்கும். வருஷத்தில் ஒரு சனிக்கிழமை அந்தத் திராட்சைக்குக் கொண்டாட்டம். டிக்கெட் வாங்கினால் ஒரு கண்ணாடிக் கிளாஸ் தருவார்கள். அதைத் தூக்கிக்கொண்டு ஒயினரி ஒயினரியாகப் போய் ருசி பார்க்க வேண்டும். பிடிக்காவிட்டால் வாயில் இருப்பதை ஒரு வாளியில் துப்பலாம். அந்த வாளியை முதன்முதலில் பார்த்த பிறகு அக்கா மூன்று நாள் சாப்பிடவில்லை என்று கேள்வி.

ஊற்றிக் கொடுக்கும் பெண்கள் டம்ளரைப் பார்த்ததும் திகைப்பார்கள். "மேடம், ஸ்டீல்ல ஊத்தினா கலர் தெரியாதே" என்று ஒருத்தி இங்கிலீஷில் கெஞ்சினாளாம்.

"கலரை உன் கிளாஸ்ல பாத்துக்கறேன். டேஸ்டை என் டம்ளர்ல பாத்துக்கறேன். ஊத்து" என்றாளாம் அக்கா.

பிறகு தலையைப் பின்னுக்குச் சாய்த்து, டம்ளரை ஒரு சாண் உயரத்தில் பிடித்து, நூல் மாதிரி இறக்குவாள். சுற்றி நின்றவர்கள் கை தட்டுவார்கள். குடித்து முடித்ததும் தீர்ப்பு வரும். "நார்த்தங்காயை உப்புல போட்டு மறுநாள் ஜாடியத் திறந்தா ஒரு வாசனை வருமே, அது. பின்னாடி லேசா கொய்யாக்காய்." ஊற்றியவளுக்கு ஒன்றும் புரியாது. ஆனாலும் பயபக்தியோடு தலையாட்டுவாள்.

இனி என் கதை. நான் பத்தாவது வரை படித்தவள். நாலு பேர் முன்னால் வாய் திறக்க வராது. டிரைவிங் லைசென்ஸ் வாங்கிய முதல் மாதம் ஃப்ரீவேயில் ஓடுகிற வண்டிகளுக்கு நடுவே புகுந்து மெர்ஜ் பண்ணும்போது ஒரு லாரிக்காரன் அடித்த ஹார்ன் இன்னும் என் காதில் இருக்கிறது. அன்றிலிருந்து உள்ரோடுதான். மளிகைக் கடை, கோயில், லைப்ரரி எல்லாவற்றுக்கும் ஃப்ரீவே படாமல் ஒரு வழி வைத்திருந்தேன்.

ஒரு வருஷம் பிள்ளைகள் காலேஜுக்குப் போனதும் வீடு வெறிச்சென்று ஆனது. டிரேசி ஊரில் ஒரு பள்ளிக்கூடத்துச் சமையலறையில் வேலை கிடைத்தது. இத்தனை வருஷமாக நான் வீட்டில் செய்துகொண்டிருந்ததற்கு முதல் தடவையாக ஒருவர் வேலை என்று பெயர் வைத்தார். ராத்திரி படுக்கையில் அந்தச் சந்தோஷத்தை நினைத்துச் சிரித்தேன். அடுத்த நிமிஷமே வழி ஞாபகம் வந்தது. பிளசன்டனிலிருந்து டிரேசிக்கு மலையைத் தாண்டிப் போக வேண்டும். லோடிக்குப் போகிற அதே ஃபைவ் எய்ட்டி ஃப்ரீவே. மலை மேல் நிற்கிற மின்சாரக் காற்றாடிகளைச் சுற்ற வைக்கிற காற்று, இரண்டு பக்கமும் லாரிகள். என் வீட்டுக்காரருக்கு ஆபீஸ் நேர் எதிர்த் திசையில், சான்டா கிளாராவில். கொண்டுபோய் விட முடியாது.

"பழைய மலை ரோடு ஒண்ணு இருக்கில்லக்கா, அதுல மெதுவாப் போயிடறேன்" என்றேன்.

"அதுல போனா நீ ரிட்டயர் ஆகுற அன்னைக்குத்தான் போய்ச் சேருவே."

திங்கட்கிழமை வேலையில் சேர வேண்டும். வேண்டாம் என்று போன் பண்ணிச் சொல்லிவிடலாமா என்று வெள்ளிக்கிழமை முழுக்க யோசித்தேன். போனில் இங்கிலீஷ் பேச வேண்டுமே என்ற பயத்தில் அதையும் செய்யவில்லை.

மறுநாள் காலை அக்கா கதவைத் தட்டினாள். வெர்டேலோ சனிக்கிழமை. எப்போதும் அவள் மகள்தான் வண்டி ஓட்டிப்போவாள். "அவளுக்குப் பரீட்சையாம். நீ துணைக்கு வா. உன் வண்டியில போலாம், போகும்போது நான் ஓட்டறேன்" என்றாள். வரும்போது யார் ஓட்டுவது என்று கேட்கிற புத்தி எனக்கு வரவில்லை.

கையில் டம்ளர் இருந்தது. கூடவே பெரிய பாட்டில் நிறையச் சீரகத் தண்ணீர். "ஒரு ஒயினுக்கும் அடுத்த ஒயினுக்கும் நடுவுல வாயக் கழுவணும்டி."

அன்றைக்கு அக்கா என்னவோ வழக்கம் போல இல்லை என்றுதான் எனக்குப் பட்டது. அவள் மகள் சொல்லிக் கேட்டிருந்த கைதட்டல் எதையும் காணோம். டம்ளரில் ஊற்றியதும் நெடுநேரம் மோந்து பார்த்தாள். கோயிலில் கற்பூரத்தைக் கண்ணில் ஒற்றிக்கொள்கிற மாதிரி முகம். "உள்ள சத்தம். கொடியப் பாத்துக்கிட்டே குடிச்சாத்தான் ருசி" என்று தோட்டத்துப் பக்கம் போவாள். வாயைத் துடைத்துக்கொண்டு வருவாள். ஒவ்வொரு இடத்திலும் குரல் கொஞ்சம் உயர்ந்தது, நடை கொஞ்சம் சாய்ந்தது. கடைசி ஒயினரியில் சாவியை என் மடியில் போட்டாள்.

"நான் ஃபுல்லுடி செல்வி. நீதான் ஓட்டணும்."

"விளையாடாதீங்கக்கா. டாக்ஸி கூப்பிடலாம்."

"கூப்பிடு. வர்றவன்கிட்ட வழி முழுக்க நீ பேசு. நான் தூங்கிருவேன்."

தெரியாத ஆளோடு ஒரு மணி நேரம் பேச்சு. அதற்கு லாரியே தேவலை என்று ஒரு நொடி தோன்றியது. அந்த ஒரு நொடியில் என்னை டிரைவர் சீட்டில் உட்கார வைத்துவிட்டாள்.

பெல்ட் போட்டதும் பாட ஆரம்பித்தாள். தாலாட்டு, கும்மி, ஒப்பாரி எல்லாம் கலந்து. என் நிலைமைக்கு ஒப்பாரி பொருத்தமாக இருந்தது. ஃப்ரீவேயில் ஏறுகிற பாதை முடியப்போகிறது, நான் பிரேக்கை மிதிக்கிறேன், பின்னால் ஒருவன் ஹார்ன் அடிக்கிறான். ஸ்டியரிங் வேர்வையில் வழுக்கியது.

பாட்டு நின்றது. "பிரேக்கிலருந்து காலை எடு. கண்ணாடி பாரு. அந்த வெள்ளை வண்டி போகட்டும். போயிட்டான். மிதி. இப்ப!"

உள்ளே வந்துவிட்டேன். பாட்டு மறுபடி தொடங்கியது. விட்ட இடத்திலிருந்தே.

மலை ஏற்றத்தில் காற்று வண்டியைத் தள்ளியது. இடது பக்கம் ஒரு லாரி, வலது பக்கம் ஒரு லாரி. மூச்சு விட்டால்கூட உரசிவிடும் போல இருந்தது.

"ஓரமா நிறுத்தறேன்க்கா. என்னால முடியலை. அழுகை வருது."

"அழு. யாரு வேண்டாங்கிறா? அழுதுக்கிட்டே ஓட்டு."

"ரெண்டு பக்கமும் லாரிக்கா!"

"அவன் லேன்ல அவன் இருக்கான். உன் லேன்ல நீ இரு. கல்யாணப் பந்தியில பக்கத்து இலையப் பாத்துக்கிட்டா சாப்பிடுவே? உன் இலையப் பாரு."

நான் என் இலையைப் பார்த்தேன். வெள்ளைக் கோட்டுக்கும் வெள்ளைக் கோட்டுக்கும் நடுவே, அதையே பார்த்துக்கொண்டு, அழுதுகொண்டே மலையைத் தாண்டினேன். இறக்கத்தில் பார்த்தால் லாரிகள் பின்னால் இருந்தன. நான் முன்னால் இருந்தேன். எப்படி என்று இன்றுவரை தெரியாது.

அப்பார்ட்மென்டில் வண்டியை நிறுத்தினேன். கோட்டுக்கு மேலே கோணலாகத்தான். நீச்சல் குளத்தில் அக்காவின் மகள் காலை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பரீட்சை எழுதுகிறவள் மாதிரி இல்லை. அம்மாவை ஒரு வார்த்தை விசாரிக்காமல் என்னைப் பார்த்து, "ஹவ் வாஸ் த டிரைவ், ஆன்ட்டி?" என்றாள். அக்கா தள்ளாடித் தள்ளாடி, சுவரைப் பிடித்துக்கொண்டு மாடி ஏறினாள்.

மறுநாள் காலை வண்டியைத் துடைக்கப் போனேன். டம்ளர் சீட்டுக்கு அடியில் உருண்டு கிடந்தது. திருப்பிக் கொடுப்பதற்கு முன் கழுவலாம் என்று எடுத்தேன். ஒயின் குடித்த பாத்திரம் ஒரு ராத்திரி கிடந்தால் எப்படி வீசும்! மோந்து பார்த்தேன். ஒன்றும் இல்லை. அடியில் ஒரே ஒரு சீரகம் ஒட்டிக்கொண்டிருந்தது.

அங்கேயே, திறந்த வண்டிக் கதவுக்குப் பக்கத்தில், உட்கார்ந்துவிட்டேன். வருஷத்துக்கு ஒரு நாள் வருகிற அவளுடைய வெர்டேலோவை, ஒவ்வொரு தோட்டத்திலும் மோந்து மட்டும் பார்த்துவிட்டு, கொடியின் காலடியிலேயே ஊற்றிவிட்டுச் சீரகத் தண்ணீரைக் குடித்திருக்கிறாள். நான் பயந்து கையை விட்டால் பிடித்துக்கொள்ள ஒரு ஆள் தெளிவாக இருக்க வேண்டுமே என்று.

டம்ளரைக் கொண்டுபோய்க் கொடுத்தபோது நெற்றியைப் பிடித்துக்கொண்டு, "தலை என்னமா வலிக்குது தெரியுமா?" என்றாள். பெரிய நடிகை.

திங்கட்கிழமை அழுதுகொண்டே வேலைக்குப் போனேன். செவ்வாய்க்கிழமையும் அழுகைதான். எந்த நாளில் நின்றது என்று கவனிக்கவில்லை.

போன வருஷம் கம்பெனி மாற்றலில் அக்கா ஹூஸ்டனுக்குப் போய்விட்டாள். அங்கே ஹில்கிராஃப்ட் தெருவின் இந்தியக் கடைகளில் டம்ளரை நீட்டிச் சண்டை போடுவதாகத் தகவல். அடுத்த மாதம் வெர்டேலோ சனிக்கிழமைக்கு வருகிறாளாம். யார் ஓட்டுவது என்று போனில் கேட்டாள்.

நிறையக் குடியுங்கள் அக்கா. வண்டி நான் ஓட்டுகிறேன்.