மாடிப்படியில் சொன்னது பேட்டி ஆகாது

பெருமதிப்பிற்குரிய விளையாட்டுப் பக்க ஆசிரியர் அவர்களுக்கு,

தங்கள் நாளிதழை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை வரிசை மாறாமல் படிக்கும் பழைய வாசகன் வணக்கத்துடன் எழுதுவது. நான் நலம் என்றுதான் சொல்ல வேண்டும். தாங்களும் தங்கள் பக்கத்தில் பணிபுரியும் அனைவரும் நலமாக இருக்க விழைகிறேன். "ஒருவரைத் தவிர" என்று முதலில் எழுதியிருந்தேன். பிறகு அடித்துவிட்டேன். அவரும் நலமாகவே இருக்கட்டும். தங்கள் நிருபர்தான்; எங்கள் வீட்டு மாடியில் குடியிருக்கிறார்.

நான் வானிலை அலுவலகத்தில் அன்றாட அறிக்கை எழுதி ஓய்வு பெற்றவன். எதையும் அடித்துச் சொல்லிப் பழக்கமில்லாதவன். மழை பெய்யலாம் என்று நான் எழுதி அனுப்பினால் தங்கள் நாளிதழ் மழை பெய்யும் என்று போடும். மறுநாள் நனையாத குடையோடு அலைந்தவர்கள் எல்லோரும் என்னைத்தான் முறைப்பார்கள். அப்போதுகூட நான் ஆட்சேபித்து ஒரு வரி எழுதியதில்லை. இப்போது எழுதுகிறேன் என்றால் விஷயம் எவ்வளவு முற்றிப்போயிருக்கிறது என்பதைத் தாங்களே ஊகித்துக்கொள்ளலாம். இது கோபத்தில் எழுதும் கடிதம். கோபம்தானா, அல்லது சரியாகச் சாப்பிடாததால் வரும் படபடப்பா என்று யோசித்துப் பார்த்தேன். கோபம்தான்.

செவ்வாய்க்கிழமை தங்கள் பக்கத்தில் "கேப்டன் மீது இளம் வீராங்கனை குமுறல்: மகளிர் கால்பந்து அணியில் விரிசல்" என்று ஒரு செய்தி வந்தது. அந்த இளம் வீராங்கனை என் மூத்த மகளின் மகள். கல்லூரிப் படிப்புக்காக எங்களோடு தங்கியிருக்கிறாள். அந்தக் கேப்டன் என் இளைய மகள். கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கும் வேலை பார்க்கிறாள். அதாவது, குமுறியவளுக்கு இவள் சித்தி. விரிசல் விழுந்ததாகத் தாங்கள் எழுதியிருக்கும் இடம் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேஜை. இருவரும் ஒரே அறையில் படுக்கிறார்கள், ஒரே அலமாரியில் துணி வைக்கிறார்கள், பற்பசைக் குழாயை நடுவில் அமுக்குவதா அடியில் அமுக்குவதா என்று தினமும் காலையில் சண்டை போடுகிறார்கள். இதையெல்லாம் விரிசல் என்று போடுவதானால் தங்கள் பக்கத்தில் வேறு செய்திக்கே இடமிருக்காது.

படத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். இருவரும் ஆளுக்கொரு திசையில் பார்க்க, நடுவே மின்னல் வெட்டுகிறது. வானிலைக்காரன் என்ற முறையில் சொல்கிறேன், மின்னல் அப்படி இருக்காது. அது போகட்டும். அந்தப் படம் எங்கள் கூடத்தில் மாட்டியிருக்கும் குடும்பப் படம். தங்கள் நிருபர் "ரொம்ப அழகா இருக்கே சார், ஒரு நாள் குடுங்களேன்" என்று கேட்டதால் துடைத்துக் கொடுத்தேன். அதில் இருவருக்கும் நடுவே நின்றிருந்தவன் நான். என்னை வெட்டிவிட்டு அந்த இடத்தில் மின்னலைப் போட்டிருக்கிறீர்கள்.

நடந்தது இதுதான். ஞாயிற்றுக்கிழமை அரையிறுதி ஆட்டம். பேத்தி இடது ஓரத்தில் ஓடுகிறவள், மகள் நடுக்களத்தில் பந்தைப் பிரித்துக் கொடுப்பவள். மைதானத்தில் தன்னைச் "சித்தி" என்று கூப்பிடக் கூடாது, எல்லோரையும் போல "கேப்டன்" என்றுதான் கூப்பிட வேண்டும் என்பது மகளின் உத்தரவு. பேத்தியும் முதல் பாதி முழுக்கத் தொண்டை வறள "கேப்டன், கேப்டன்" என்று கத்தினாள். இவள் திரும்பவே இல்லை. பந்தெல்லாம் வலது ஓரத்துக்கே போனது. இரண்டாம் பாதியில் பேத்தி கோலுக்கு முன்னால் தன்னந்தனியாக நிற்கிறாள், பக்கத்தில் ஈ காக்கை இல்லை, உத்தரவை மறந்து "சித்தி, இங்க குடு" என்று கத்திவிட்டாள். பார்க்க வந்த கூட்டம் சிரித்துவிட்டது. மகளின் முகம் கறுத்தது. பந்து மறுபடியும் வலது பக்கம் போனது. கடைசியில் ஒரு பெனால்டியால் ஜெயித்துவிட்டோம் என்றாலும், வீட்டுக்கு வந்தது ஜெயித்த அணி மாதிரி இல்லை.

வழக்கமாகச் சித்தியை "நீ" என்று பேசுகிறவள் அன்று "நீங்க" என்று ஆரம்பித்தாள். அப்போதே நான் எழுந்து ஜன்னலைச் சாத்தினேன்.

"ஊருக்கெல்லாம் கண்ணு டெஸ்ட் பண்றீங்க. இடது பக்கம் ஒருத்தி நிக்கறது மட்டும் உங்களுக்குத் தெரியலையா?"

"பந்து வேணும்னா பந்து இருக்கற இடத்துக்கு வரணும். நின்ன இடத்துக்குப் பல்லக்கு அனுப்ப முடியாது."

"தாத்தா, நீங்களே சொல்லுங்க. நீங்க பார்த்தீங்கல்ல?"

நான் பார்த்தேன். ஆனால் நான் உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து கொஞ்சம் வெயில் அடித்தது என்று சொன்னேன். இருவரும் என்னையும் சேர்த்துத் திட்டினார்கள்.

மறுநாள் காலை காய்ந்த துணிகளைத் தோளில் போட்டுக்கொண்டு மாடியிலிருந்து இறங்கி வந்தேன். தங்கள் நிருபர் படியில் உட்கார்ந்து செருப்பு வாரைச் சரிசெய்துகொண்டிருந்தார். "என்ன சார், வீட்ல ஒரே சத்தம்?" என்றார். ஒருவர் மரியாதையாகக் கேட்கும்போது அரைகுறையாகப் பதில் சொல்வது என் வழக்கமில்லை. காரணம், பின்னணி, இரு தரப்பு வாதம், நேரில் கண்டது, ஊகித்தது என்று பிரித்துச் சொன்னேன். அவர் கையில் பேனா இல்லை, காகிதம் இல்லை, ஒற்றைச் செருப்பு மட்டும்தான் இருந்தது. ஐயா, ஒரு மனிதன் தோளில் போர்வையோடு நின்று பேசுவது எந்த ஊரில் பேட்டி? அவர் கேட்டதோடு நிறுத்தியிருந்தால் அது அண்டை வீட்டுப் பேச்சு. அதையே "குடும்பத்துக்கு நெருக்கமான வட்டாரங்கள்" என்று அச்சில் போட்டால் என்ன பெயர்? நான் ஒரு ஆள்தான். வட்டாரங்கள் இல்லை. என் மனைவி அதைப் படித்துவிட்டு, "துணி எடுத்துட்டு வாங்கன்னு அனுப்பினா குடும்பத்தையே கொடியில காயப்போட்டுட்டு வந்திருக்கீங்க" என்றாள். செவ்வாயிலிருந்து மாடிக்குத் துணி எடுக்க அவளேதான் போகிறாள்.

இனி செய்தியில் உள்ள பிழைகளுக்கு வருகிறேன். ஆட்டம் முடிந்ததும் இளம் வீராங்கனை உடைமாற்றும் அறையில் நாற்காலியை எட்டி உதைத்தார் என்று வந்திருக்கிறது. முழுப் பொய். அவள் உதைத்தது வாளியை. நாற்காலியை உதைத்தது கேப்டன். இருவர் செய்ததையும் ஒருத்தி தலையில் கட்டுவது என்ன நியாயம்? இருவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை என்கிறீர்கள். அதுவும் தவறு. தினமும் பேசுகிறார்கள், என் வழியாக. "தாத்தா, கேப்டனைக் குளிச்சது போதும், வெளிய வரச் சொல்லுங்க" என்கிறாள் இவள். "அப்பா, கதவைத் தட்டினா இன்னும் லேட்டாகும்னு அவகிட்ட சொல்லுங்க" என்று உள்ளிருந்து பதில் வருகிறது. இரண்டையும் நான் உரிய இடத்தில் சேர்த்துவிடுகிறேன். அணியை விட்டு விலகுவேன் என்று அவள் மிரட்டியதாகவும் போட்டிருக்கிறீர்கள். அவள் மிரட்டவில்லை, அழுதாள். இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாதவர்களா நீங்கள்?

எல்லாவற்றையும்விட என்னைக் கொதிக்க வைத்தது "கேப்டனின் பாரபட்சம்" என்று கொட்டை எழுத்தில் போட்ட வரி. பாரபட்சம் என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். வேண்டியவர்களுக்குக் கொடுப்பது. இவள் செய்தது அதற்கு நேர் எதிர். புதன்கிழமை பாத்திரம் கழுவிக்கொண்டே என்னிடம் சொன்னாள்: "அப்பா, அவளுக்கு நான் ஒரு பந்து குடுத்து அவ கோல் போடலைன்னா, அக்கா பொண்ணுன்னு குடுத்தான்னு சொல்லுவாங்க. போட்டா, அக்கா பொண்ணுன்னுதான் டீம்லயே எடுத்தான்னு சொல்லுவாங்க. நான் என்னதான் பண்றது?" குழாயைத் திறந்துவிட்டு, சத்தம் கேட்காதபடி சொன்னாள். தங்கள் செய்தியில் இது இல்லை. இருந்திருக்க வேண்டிய ஒரே விஷயம் இதுதான்.

இப்போது வந்திருக்கும் ஆபத்தைக் கேளுங்கள். அணியின் செயலாளர், கழுத்தில் எப்போதும் விசில் தொங்குவதால் எங்கள் வீட்டில் அவருக்குப் பெயரே விசில், புதன்கிழமை மாலை வந்தார். உட்காரக்கூட இல்லை. "பாருங்க பெரியவரே, பேப்பர்ல மறுப்பு வரணும். சனிக்கிழமைக்குள்ள வரலைன்னா ஞாயித்துக்கிழமை இறுதி ஆட்டத்துல பாப்பா பெஞ்சுல உக்காரட்டும். டீமுக்குன்னு ஒரு கட்டுப்பாடு இருக்கு" என்றார். மகளைப் பார்த்தேன். அவள் சுவரைப் பார்த்தாள். அவர் போன பிறகு, "ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேம்மா" என்றேன். "நான் சொன்னா அக்கா பொண்ணுக்காகச் சொல்றேன்னு ஆகும்" என்றாள். பேத்தி உள்ளே போய்க் காலுறைகளை மடித்து மடித்து வைத்துக்கொண்டிருந்தாள். சிறு வயதிலிருந்து அவள் காலுறையை மடித்து நான் பார்த்ததில்லை.

ஆகவே கேட்டுக்கொள்கிறேன். இல்லை, வற்புறுத்துகிறேன். அந்தச் செய்தி அடியோடு தவறு, சித்திக்கும் அக்கா மகளுக்கும் எந்த மனத்தாங்கலும் கிடையாது, வாளிக்கும் சேதமில்லை என்று சனிக்கிழமை இதழில், செய்தி வந்த அதே இடத்தில், அதே அளவு எழுத்தில் மறுப்பு வெளியிட வேண்டும். மின்னலுக்கும் தனியாக வருத்தம் தெரிவித்தால் நன்று. இல்லாவிட்டால் நான் தங்கள் நாளிதழை நிறுத்திவிடுவேன். நிறுத்திவிடலாம் என்று நினைக்கிறேன். குறுக்கெழுத்துப் பக்கம் மட்டும் தனியாகக் கிடைக்குமா என்று விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.

கடுமையாக எழுதியிருந்தால் பொறுத்தருள வேண்டும். தங்கள் பேனா நேராகவும், தங்கள் கத்தரிக்கோல் மொட்டையாகவும், தங்கள் வீட்டில் உள்ளவர்கள் ஒருவரோடொருவர் நேரடியாகப் பேசுகிறவர்களாகவும் இருக்க மனமார வாழ்த்துகிறேன். வீட்டில் பெரியவர்களுக்கு என் வணக்கத்தையும் சின்னவர்களுக்கு ஆசியையும் சொல்லவும்.

இப்படிக்கு,
படத்தில் நடுவே நின்றிருந்தவன்

பின்குறிப்பு: மேலே உள்ளது வியாழக்கிழமை எழுதியது. இதை ஞாயிற்றுக்கிழமை மாலை எழுதுகிறேன். தகவல் பிழை ஏதும் இருக்கக் கூடாதே என்று, தபாலில் போடுவதற்கு முன், வியாழக்கிழமை இரவே, இருவரையும் சாப்பாட்டு மேஜையில் உட்கார வைத்து முழுவதையும் வாசித்துக் காட்டினேன். பாத்திரம் கழுவும் இடம் வந்தபோது பேத்தி கரண்டியைக் கீழே வைத்தாள்.

"இதை என்கிட்ட சொல்றதுக்கு என்ன சித்தி?"

"சொன்னா நீ ஊரெல்லாம் சொல்லுவ."

"நானா சொன்னேன்? பேப்பர் வரைக்கும் கொண்டுபோனது யாரு?"

இருவரும் என் பக்கம் திரும்பினார்கள். அந்த வாரத்தில் இருவரும் ஒரே திசையில் பார்த்தது அப்போதுதான். "அப்பா, இந்த லெட்டர் மட்டும் பேப்பர்ல வந்தா, நாங்க ரெண்டு பேரும் வேற ஊருக்குப் போய்த்தான் விளையாடணும்" என்றாள் மகள். பேத்தி சிரித்தாள். மகளும் சிரித்தாள். என் மனைவி சமையலறையிலிருந்து வந்து காரணம் கேட்காமலே சிரித்தாள். நானும் கொஞ்சம் சிரித்தேன். உடனே மகள் போனை எடுத்து விசிலைக் கூப்பிட்டாள். "சார், அவ என் அக்கா பொண்ணுதான். நான் இல்லைன்னு சொல்லலை. இடது ஓரத்துல அவளைவிட வேகமா ஓடற பொண்ணு உங்க அக்கா வீட்ல இருந்தா ஞாயித்துக்கிழமை அனுப்பி வைங்க" என்றாள். அவர் வீட்டில் அப்படி யாரும் இல்லை போலிருக்கிறது.

போனை வைத்துவிட்டு, "மைதானத்துல நீ சித்தின்னே கூப்பிடு. கேப்டன்னு நீ கூப்பிட்டா யாரோ கூப்பிடறாங்கன்னு நினைச்சுக்கறேன்" என்றாள். விளைவு என்ன தெரியுமா? இன்று இறுதி ஆட்டத்தில் இடைவேளைக்குள் அணி மொத்தமும் அவளைச் சித்தி என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டது. கோல் காக்கும் பெண் இவளைவிட வயதில் மூத்தவள்; அவளும் "சித்தி, பின்னாடி பாருங்க" என்கிறாள். பந்து இடது பக்கம் வந்தது. கேட்டபோதெல்லாம் வந்தது. கடைசியில் கோலுக்கு நேர் எதிரே, பேத்தியின் காலடியிலேயே வந்து நின்றது. அவள் ஓங்கி உதைத்தாள். பந்து, நான் வேலை பார்த்த அலுவலகம் கவனிக்கும் உயரத்துக்குப் போய்விட்டது. தோற்றுவிட்டோம்.

வழி நெடுகச் சண்டை. "பாஸ் பண்றதுன்னா இப்படியா? கல்லை விட்டு எறியற மாதிரியா?" என்கிறாள் இவள். "பல்லக்கிலதான் அனுப்பினேன், உனக்கு ஏறத் தெரியல" என்கிறாள் அவள். "நீ" என்றுதான் பேசிக்கொண்டார்கள், அதனால் எனக்குக் கவலை இல்லை. ஆனால் செவ்வாய்க்கிழமை பொய்யாக இருந்த தங்கள் செய்தி இப்போது உண்மையாகிவிட்டது: கேப்டன் மீது இளம் வீராங்கனை குமுறிக்கொண்டுதான் இருக்கிறாள். ஆகையால் மறுப்பு வெளியிட வேண்டாம். நாளிதழையும் நான் நிறுத்தவில்லை. படத்தை மட்டும் தயவுசெய்து திருப்பிக் கொடுத்தனுப்பவும். கூடத்துச் சுவரில் அந்த இடம் வெளுத்துத் தெரிகிறது.

இன்னொன்று. மேற்கண்ட எதுவும் அச்சில் வரக் கூடாது என்று இருவரும் என்னிடம் சத்தியம் வாங்கியிருக்கிறார்கள். சற்று முன் மாடிப்படியில் தங்கள் நிருபர் எதிர்ப்பட்டு, "என்ன சார், தோத்துட்டாங்களாமே?" என்றார். கையில் பேனா இல்லை, பார்த்துக்கொண்டேன். சுருக்கமாகத்தான் சொன்னேன்.