தனியா ஒரு கேமரா எதுக்கு?

ஜமுனாமரத்தூரில் பந்தல் சாமான் வாடகைக்கு விடும் பூபாலன் மாசி மாதத்தில் ஒரு சிவப்பு கார் வாங்கினார். ஊரார் அதைக் கார் என்றுதான் சொன்னார்கள். அவர் மட்டும் அப்படிச் சொல்லவில்லை.

“காருன்னு சொல்லாதீங்க. நாலு கண்ணு கீது இதுக்கு. முன்னாடி ஒண்ணு, பின்னாடி ஒண்ணு, பக்கத்துக்கு ஒண்ணு. உள்ள உக்காந்துகினே வெளிய ஈ பறக்கறதைப் பாக்கலாம். இது மலையேறி வந்த காவல் தெய்வம்!”

நாற்காலி வாடகைக்கு எடுக்க வருகிறவர்கள் முதலில் காரைச் சுற்றிப் பார்த்தாக வேண்டும். அப்புறம்தான் நாற்காலி. கருமாதிக்குப் பந்தல் கேட்டு வந்தவரைக்கூட அவர் விடவில்லை. கண்ணீரோடு வந்த மனிதர் முன்சீட்டில் உட்கார்ந்து திரையைப் பார்த்துவிட்டு, “எங்கப்பாவுக்குக் குடுத்து வெக்கல” என்று சொல்லிவிட்டுப் போனார். பூபாலன் அதையும் காருக்குக் கிடைத்த பாராட்டாகவே எடுத்துக்கொண்டார்.

ஊரே மெச்சிய காரை மெச்சாத ஒரே ஜீவன் வீட்டுக்குள் இருந்தது. பெயர் நீலாவதி. பூபாலனின் மனைவி. அவளிடம் டிரைவிங் லைசென்ஸ் இருந்தது. பக்கத்து வீட்டு ரெபேக்கா பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவள். அந்த வேனிலேயே ஓட்டிப் பழகி, மலையிறங்கிப் போய்ப் பரீட்சை கொடுத்து வாங்கிய லைசென்ஸ். வாங்கிய நாள் முதல் அது பீரோவுக்குள் பட்டுப்புடவைக்கு அடியில் படுத்துக் கிடந்தது. வெளியே வருவதற்கு அதற்கு ஒரு சாவி வேண்டியிருந்தது. பக்கத்தில் இருந்தாலே வண்டியைக் கிளப்பிவிடும் அந்தச் சாவி பூபாலனின் அரைஞாண் கயிற்றில் தொங்கியது.

ஒரு நாள் காலையில் காபியை நீட்டிக்கொண்டே நீலாவதி கேட்டாள்.

“இன்னாங்க, ரெபேக்கா வேன்ல கீற மாதிரி டேஷ்கேம் ஒண்ணு தனியா வாங்கி மாட்டிடலாமா?”

பூபாலனுக்குக் காபி புரையேறியது. “தனியாவா? எதுக்கு?”

“மலை ரோடு. வளைவுல எவனாச்சும் வந்து இடிச்சிட்டு, நீதான் இடிச்சன்னு சொன்னா? காட்டறதுக்கு ஒண்ணு வேணும் இல்ல?”

“நாலு கண்ணு கீதே, அதெல்லாம் இன்னா தூங்குதா?”

“பாக்குது. பாத்ததை வெச்சிக்குதா? கம்பெனி கேமரா வண்டி நிறுத்தறப்போ காட்டறதோட சரியாம். ஒண்ணையும் பதிவு பண்ணி வெக்காதாம். ரெபேக்கா சொல்றா.”

“ரெபேக்காவை வேனைப் பத்திப் பேசச் சொல்லு. இது வேற ஜாதி வண்டி. பொறந்ததுலேர்ந்து பாத்த எல்லாத்தையும் உள்ள வெச்சிக்கினு கீது. இதுக்கு மேல இன்னொரு கேமராவா? வூட்ல பொண்டாட்டி இருக்கும்போது சமைக்கத் தனியா ஆள் வெப்பாங்களா?”

“வெச்சா நல்லாத்தான் இருக்கும்” என்றாள் நீலாவதி.

பூபாலன் அந்தப் பேச்சை அங்கேயே கைவிட்டார். நீலாவதி விடவில்லை.

“சரி, கேமரா வேணாம். சாவியாச்சும் குடுங்க. வர்ற ஞாயித்துக்கெழம கணியம்பாடிக்கு, அக்கா வூட்டுக்கு, நானே ஓட்டிக்கினு போறேன். எங்க பக்கத்துல ஒருத்தரும் பொம்பள கார் ஓட்டிப் பாத்ததில்ல.”

“பாக்கவும் வேணாம். நீ எடுத்தா கீறல் வுழும். பெயிண்ட்டு பாரு, கண்ணாடி மாதிரி.”

“உங்க கையில எடுத்தா?”

“என் கையிலயா?” பூபாலன் எழுந்து நின்று வேட்டியை மடித்துக் கட்டினார். சபதம் செய்வதற்கு அவருக்கு அது தேவைப்பட்டது. “இந்த வண்டியில மொத கீறல் யார் கையால வுழுதோ, அவங்க சாவியை அடுத்தவங்க கையில குடுத்துட்டு ஒதுங்கிக்கணும். சம்மதமா?”

“நான் ஓட்டவே இல்லியே. மொத கீறல் என் கையால எப்படி வுழும்?”

“அதான் சொல்றேன், வுழவே வுழாது!”

இதில் தனக்கு மட்டுமே நஷ்டம் வர முடியும் என்பது பூபாலனுக்கு அப்போது புரியவில்லை. நீலாவதிக்குப் புரிந்தது. அவள் காபி டம்ளரை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள்.

அந்த வெள்ளிக்கிழமை பூபாலன் வழக்கம் போலக் காரைக் குளிப்பாட்டினார். கற்பூரம் காட்டினார். சந்தனம் குழைத்தார். எந்த வண்டிக்கும் நெற்றி என்று ஓர் இடம் உண்டு. இந்த வண்டியில், கம்பெனி முத்திரைக்குக் கீழே, அந்த இடத்தில் புளியங்கொட்டை அளவுக்கு முன்கண் இருந்தது. எல்லாருக்கும் முன்னால் போகிற கண்ணுக்குக் கூடுதல் மரியாதை செய்ய வேண்டாமா? கட்டைவிரலால் நல்ல கெட்டிச் சந்தனமாக அதன் மேலேயே அப்பினார். நடுவில் குங்குமம். கை கூப்பினார். சாமிக்குக் கண் திறந்துவிடுவதுதான் வழக்கம். பூபாலன் கண்ணை மூடிவிட்டு, கலசப்பாக்கத்துக்குப் புறப்பட்டார்.

போன வேலை முடிந்து மலையேறித் திரும்பும்போது, ஒரு கொண்டை ஊசி வளைவுக்கு மேலே, வண்டிகள் நிற்க அகலமாக இடம் விட்டிருந்தது. ஓரத்தில் கறுப்பு வெள்ளை அடித்த தடுப்புச் சுவர். ஆளரவம் இல்லை. பூபாலனுக்கு ஓர் ஆசை. வெளியே பார்க்காமல், திரையை மட்டும் பார்த்து வண்டியை நிறுத்த வேண்டும். ஊரில் எவனும் செய்யாத காரியம்.

திரையில் பின்பக்கம் தெரிந்தது. இடது வலது தெரிந்தது. முன்பக்கம் மட்டும் மஞ்சளாக, நடுவில் சிவந்து தெரிந்தது. ‘அடடா, சூரியன் எறங்கறது எவ்ளோ அழகாத் தெரியுது பாரு!’ என்று மெய்ம்மறந்து போனார். வண்டி கீ கீ என்று கத்தியது. அதைச் சபாஷ் என்று எடுத்துக்கொண்டு இன்னும் கொஞ்சம் முன்னே விட்டார்.

டொக்.

இறங்கிப் பார்த்தார். முன்பக்க இடது மூலையில், பூனை பிராண்டியது போல நீளமாகக் கீறல். தடுப்புச் சுவரின் வெள்ளை பெயிண்ட் அதில் ஒட்டியிருந்தது. எச்சில் தொட்டுத் துடைத்தார். வேட்டி நுனியால் தேய்த்தார். வெள்ளை போனது. கீறல் போகவில்லை.

உடனே அவருக்கு வேறொரு பயம் வந்தது. நாலு கண்ணும் இதைப் பார்த்திருக்குமே! ஓடிப் போய் உள்ளே உட்கார்ந்து, பதிவை அழிப்பதற்காகத் திரையை நோண்டினார். பாட்டு வந்தது. மேப் வந்தது. ஏசி வேகமாக அடித்தது. டீலரிடம் வேலை செய்யும் பையனுக்குப் போன் போட்டு, ஊர் விஷயம் கேட்பது போலக் கேட்டார்.

“தம்பி, இந்தக் கேமராவுல பதிவானதை எல்லாம் எங்க போய் அழிக்கறது?”

“இதுல பதிவே ஆகாது அண்ணே. பாக்கறதுக்கு மட்டுந்தான். பதிவு வேணும்னா டேஷ்கேம் ஒண்ணு தனியா மாட்டிக்கணும்.”

ரெபேக்கா சொன்னது சரி. ஆனால் இந்தத் தோல்வி வெல்லம் போல இனித்தது பூபாலனுக்கு. சாட்சி இல்லை! பதிவு இல்லை! எவனோ லோடு ஆட்டோக்காரன் தேய்த்துவிட்டுப் போய்விட்டான் என்று சொன்னால் முடிந்தது கதை. மீதி மலையை விசிலடித்துக்கொண்டே ஏறினார்.

வாசலில் கார் நின்றதும் நீலாவதி வந்தாள். ஊரே நான்கு பக்கமும் சுற்றிப் பார்க்கும் காரில் அவள் ஒரே ஒரு மூலையைத்தான் பார்த்தாள்.

“இன்னாங்க இது?”

“எது? ஓ, அதுவா! கலசப்பாக்கத்துல நிறுத்திட்டு டீ குடிக்கப் போனேன். வர்றதுக்குள்ள எவனோ லோடு ஆட்டோக்காரன் தேய்ச்சிட்டுப் போய்ட்டான்.”

“நீங்க பாத்தீங்களா?”

“பாத்திருந்தா சும்மா வுட்டிருப்பனா?”

“பாக்காமயே லோடு ஆட்டோன்னு எப்படித் தெரிஞ்சிது?”

“அது… உயரம் அப்படி. கீறலோட உயரத்தைப் பாத்தாலே தெரியும்.”

“சரி, வுடுங்க. நீங்க பாக்கலன்னா இன்னா? வண்டி பாத்திருக்கும் இல்ல? பொறந்ததுலேர்ந்து எல்லாத்தையும் உள்ள வெச்சிக்கினு கீதுன்னு சொன்னீங்களே. போடுங்க, அந்த ஆட்டோக்காரன் மூஞ்சியைப் பாப்பம்.”

பதிவு இருக்கிறது என்றால் காட்ட வேண்டும். காட்டினால் சுவர் வரும். பதிவு இல்லை என்றால் ரெபேக்கா சொன்னது சரி, தனிக் கேமரா வேண்டும், ஊரெல்லாம் அடித்த தம்பட்டம் பொய். இரண்டு பக்கமும் தடுப்புச் சுவர். ரிவர்ஸ் எடுக்கவும் இடமில்லை.

“சந்தனம்!” என்றார் சட்டென்று. “சந்தனம் மறைச்சிடுச்சி.”

“அது முன்கண்ணுல. பக்கத்துக் கண்ணு ரெண்டும்?”

“புழுதி.”

“பின்கண்ணு?”

“அது பின்னாடியே பாத்துகினு இருந்திடுச்சி.”

நீலாவதி சிரிக்கவில்லை. அதுதான் பூபாலனை உலுக்கியது. இடுப்பில் கை வைத்து, ரொம்ப சாந்தமாகச் சொன்னாள்.

“உங்க நாலு கண்ணும் ஓய்வெடுக்கட்டும். ரெபேக்காகிட்ட சொல்லி அப்பவே ஒண்ணு மாட்டிட்டேன். முன்கண்ணாடிக்கு உள்ள, நடுவுல தொங்கற கண்ணாடி கீது இல்ல, அதுக்குப் பின்னாடி கறுப்பா ஒட்டிக்கினு கீது பாருங்க. அதைக் கழட்டிக்கினு வந்து போட்டுப் பாத்துடலாமா? இல்ல நீங்களே சொல்றீங்களா?”

பூபாலன் காருக்கு முன்னால் ஓடினார். எட்டிப் பார்த்தார். கண்ணாடியின் உச்சியில், கறுப்பாக, தீப்பெட்டி அளவில், ஒன்று அவரையே வெறித்துப் பார்த்தது. இத்தனை நாளாக வெளியே பார்க்கும் கண்களையே கொண்டாடியவர், உள்ளே ஒன்று இருப்பதைப் பார்த்ததே இல்லை.

“நீலா… ஆட்டோக்காரன் இல்ல. சுவருதான்.”

“உம்.”

“திரையைப் பாத்தே நிறுத்தலாம்னு பாத்தேன்.”

“உம்.”

“டீயும் குடிக்கல. ஜிலேபிதான் தின்னேன். நாலு.”

“ஜிலேபியா?” நீலாவதியின் குரல் முதல் தடவையாக உயர்ந்தது. “சுகர் மாத்திரை போட்டுக்கினு ஜிலேபியா?”

“ஜிலேபி அந்தக் கேமராவுல தெரியாதா?”

“இப்பத்தான் தெரிஞ்சிது. சாவியை எடுங்க.”

அரைஞாண் கயிற்றில் முடிச்சு இறுகியிருந்தது. அவிழ்க்கத் தெரியாமல் தடுமாறினார். நீலாவதியே அரிவாள்மணையை எடுத்து வந்து நறுக்கென்று அறுத்துக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை பட்டுப்புடவையும் லைசென்ஸும் பீரோவிலிருந்து ஒன்றாக வெளியே வந்தன. பூபாலன் இடது பக்கத்து சீட்டில் உட்கார்ந்தார். தன் காரில் அவர் அந்தப் பக்கம் உட்கார்ந்ததே இல்லை. மலை வேறு மாதிரி தெரிந்தது. ஏதோ தனக்கென்று இருந்தது கையைவிட்டுப் போய்விட்டது போல ஒரு சோகம். ‘மொத வளைவுலயே திணறுவா, அப்ப என்கிட்டதான் வருவா’ என்று காத்திருந்தார். முதல் வளைவு வந்தது, போனது. ஹாரன் அடித்து, கியர் குறைத்து, வெளிப்பக்கமாக அகலம் எடுத்து, உள்ளே ஒடித்து, நீலாவதி தோசை திருப்புவது போல வண்டியைத் திருப்பினாள்.

பாதி மலையில் கோடை மழை பிடித்தது. கார் வாங்கியதிலிருந்து முதல் மழை. இரண்டு கையும் ஸ்டியரிங்கில் இருக்க, வைப்பர் தானாக ஓடியது.

“யாரு போட்டது வைப்பரை?”

“நீங்க பாத்து பயந்தீங்களே, அந்தக் கறுப்புப் பொட்டி. மழை வந்தா தெரிஞ்சிக்கினு வைப்பரை ஓட்டுமாம். ரெபேக்கா சொன்னா.”

“அப்ப அது கேமரா இல்லியா? யாரு மாட்டினது அதை?”

“உங்க கம்பெனிதான். வாங்கும்போதே இருந்திச்சி. நாலு கண்ணுன்னு எண்ணுனீங்களே, அதையும் சேத்து எண்ணியிருக்கலாம் இல்ல?”

பூபாலனுக்கு வைப்பர் தன் முகத்தையே துடைத்துவிட்டுப் போவது போல இருந்தது. அப்புறம் ஒரு சட்ட நுணுக்கம் உதித்தது.

“அப்ப சாட்சியே இல்ல. சபதம் செல்லாது. வண்டியை ஓரங்கட்டு. சாவியைக் குடு.”

“குடுக்கறேன். மொதல்ல எதிர்ல பாருங்க.”

மழை தூறலாகக் குறைந்த வளைவில் ஒரு பார லாரி முக்கி முனகி மேலே வந்துகொண்டிருந்தது. ஏறுகிற வண்டிக்கு இறங்குகிற வண்டிதான் வழிவிட வேண்டும். அது மலையின் சட்டம். நின்றுவிட்டால் அந்த லாரி பாரத்தோடு மறுபடி கிளம்பாது. அப்படியென்றால் கார் ரிவர்ஸிலேயே மேட்டில் ஏற வேண்டும். ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் பள்ளம். பூபாலனே இந்த இடத்தில் ரிவர்ஸ் எடுத்ததில்லை.

“எறங்கிப் பின்னாடி போய் நில்லுங்க. பள்ளம் எங்க கீதுன்னு சொல்லுங்க.”

“ஏன், கேமரா கீதே?”

“எனக்கு உங்க கண்ணு போதும்” என்றாள் நீலாவதி.

அவர் இறங்கினார். ஈர ரோட்டில் ஓடிப் போய் நின்று, “வா வா வா… லெப்ட்டு ஒடி… நேர் பண்ணு… வா…” என்று காரின் முதுகைத் தட்டிக்கொண்டே குரல் கொடுத்தார். நீலாவதி தலையை வெளியே நீட்டி, அவர் முகத்தை மட்டும் பார்த்து, அந்தச் சிவப்புக் காரைப் பாறையோடு உரசாமல், பள்ளத்தைத் தொடாமல், ஒரே மூச்சில் மேலே ஏற்றி ஒதுக்கினாள். பூபாலனின் மார்பு தன்னால் விரிந்தது. சாவி, சபதம் எல்லாம் மறந்துபோனது. அப்படி ஒரு ரிவர்ஸை இந்த மலையில் எவனும் எடுத்ததில்லை. எடுத்தவள் அவர் பெண்டாட்டி! கூப்பிட்டுக் காட்ட அக்கம்பக்கத்தில் ஒரு ஆள் இல்லையே என்று தவித்தார்.

லாரி மெதுவாக அவரைத் தாண்டியது. டிரைவர் தலையை நீட்டினார்.

“அந்தம்மா செமையா ஓட்டறாங்கப்பா! மலையில இப்படி நான் பாத்ததே இல்ல.”

பூபாலன் பூரித்து வாயைத் திறப்பதற்குள், டிரைவர் அவரை மேலும் கீழும் பார்த்தார். நனைந்த சட்டை. மடித்துக் கட்டிய வேட்டி. காரின் முதுகில் கை.

“நீ க்ளீனரா?”

சொந்தக்காரன் என்றால் ஏன் கீழே நிற்கிறாய் என்று கேட்பான். அதற்குச் சுவரைச் சொல்ல வேண்டும். சுவரைச் சொன்னால் சந்தனத்தைச் சொல்ல வேண்டும்.

“ஆமாங்க” என்றார் பூபாலன். “இன்னிக்குத்தான் வேலைக்குச் சேந்தேன்.”