ரேஸ் காரும் மூணு எச்பி மோட்டாரும்

பால் ஆறிவிட்டதா என்று நாலு தரம் புறங்கையில் ஊற்றிப் பார்த்த பிறகும், பிள்ளைக்குக் கொடுக்கத் தயங்குகிறவள் நான். அப்படிப்பட்டவள் ஒரு வாரம் யோசித்துத் தயாரித்த பாடம்தான் எனக்கு வரவிருந்த வேலையைக் கெடுத்தது.

எண்பத்தேழில், இட ஒதுக்கீட்டுப் போராட்ட சமயம். கணவருக்கு வேலை போயிருந்தது. கச்சிராயபாளையம் பக்கம் ஒரு தனியார் பள்ளியில் அறிவியல் ஆசிரியை வேலை. மாதிரி வகுப்பு எடுக்க வரச் சொன்னார்கள். சாலையில் போராட்டக்காரர்கள் புளியமரங்களை வெட்டிப் போட்டிருந்ததால் பஸ் பாதியில் நின்றுவிட்டது. ஏழு மாதப் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்தே போனேன். அதே மரங்களால் ஜீப்பை நிறுத்திவிட்டு வந்த ஒருவர், "நெழலுக்குக் கொஞ்சம் குந்திக்கிறேங்க" என்று என் வகுப்பின் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார். கரண்ட் ஆபீஸ்காரர். எனக்குத் தெரியாது, பள்ளித் தாளாளருக்குத் தெரியும்.

பாடம், குதிரைத்திறன், அதாவது எச்பி. மாட்டுவண்டியை வைத்தே நடத்தியிருக்கலாம். (யார் கேட்டார்கள் ரேஸ் காரை? பத்திரிகையில் படித்த திமிர்.)

"பார்முலா ரேஸ் காரில் என்ஜின் ஒன்றரை லிட்டர்தான். ஆனால் காற்றை அழுத்தித் திணித்து ஆயிரம் குதிரைத்திறன் வரைக்கும் எடுக்கிறார்கள். அளவு சின்னது என்று எழுதியிருக்கும். ஓடும்போதுதான் பலம் தெரியும். கடைசியில் அதிகாரிகள் தலையிட்டு, இனி இந்த என்ஜினே கூடாது என்று முடிவு செய்துவிட்டார்கள்."

கதவோரம் நின்றிருந்த தாளாளர் கடைசி பெஞ்சைப் பார்த்தார். அவருடைய மகள் எழுந்தாள்.

"டீச்சர், எங்க கெணத்து மோட்டார்லயும் மூணு எச்பின்னுதான் எழுதிக்கீது. அப்பா அஞ்சு எச்பி ஓடுதுன்றாரு. அதுலயும் காத்தத் திணிக்கிறாங்களா?"

(கரண்ட் கட்டணம் குறையும் என்று மூணு எச்பிக்கு அனுமதி வாங்கி, அஞ்சு எச்பி மோட்டாரை இறக்கி, அதன்மேல் பழைய மூணு எச்பி தகட்டை அடிப்பது அங்கே ஊரறிந்த ரகசியம். டவுன்காரி எனக்குத்தான் தெரியவில்லை.)

கடைசி பெஞ்ச் கேட்டது: "எந்தக் கெணறும்மா?"

தாளாளர் என்னை வராந்தாவுக்கு அழைத்தார்.

"யாரும்மா உன்ன அனுப்பிச்சது?"

"சார், அது ரேஸ் காருங்க."

"இன்னா காரா இருந்தா இன்னா? 'நான் சொன்னது பொய்யி, எழுதிக்கீறதுக்கு மேல ஜாஸ்தி பவர் எதுலயும் வராது'ன்னு அவரு காதுல வுழற மாதிரி சொல்லு. திங்கக்கெழமையே வேலைக்கு வந்துடு."

இடுப்பிலிருந்த பிள்ளையைப் பார்த்தேன். சொல்லிவிடலாம் என்றுதான் சத்தியமாக உள்ளே போனேன். "காத்த எப்பிடி டீச்சர் திணிப்பாங்க?" என்று அந்தப் பெண் கேட்டுவிட்டாள். என்ஜின் விடும் புகை ஒரு விசிறியைச் சுழற்ற, அது இன்னொரு விசிறியைச் சுழற்றிக் காற்றை இழுத்துத் திணிப்பதை, கரும்பலகை நிறைய வரைந்து காட்டினேன்.

வாசலில் தாளாளர் முறைத்தார். பிள்ளையை இடுப்பு மாற்றி வைத்துக்கொண்டேன்.

"பாடம் தப்புன்னா மாத்திக்கிறேன் சார். மோட்டார் தப்புன்னா நான் இன்னா பண்றது?"

வேலை கிடைக்கவில்லை. மாட்டுவண்டியே போதுமே என்று ஒரு மாதம் தூங்காமல் நொந்தேன். பிறகு வீட்டிலேயே டியூஷன் ஆரம்பித்தேன். முதலில் சேர்ந்தவள் தாளாளர் மகள்.

இன்றும் நான் நாலு பேர் நடுவில் வாயைத் திறந்தால் கணவர் சொல்வார்: "பின்னாடி யாரு குந்திக்கினு கீறாங்கன்னு பாத்துட்டுப் பேசு." உறவுக்கூட்டம் சிரிக்கும். நானும் திரும்பிப் பார்ப்பேன், ஒன்றுக்கு இரண்டு தரம். பார்த்துவிட்டு, சொல்ல வந்ததையே சொல்வேன்.