மூங்கில்சார் கொறிணி மேலாண்மை

மனித குலத்தை முன்னகர்த்துவது அசல் சிந்தனை ஒன்றே. மன்னார்குடிக்குப் பக்கத்தில், நாலா பக்கமும் வயல் சூழ நிற்கும் அந்தப் பொறியியல் கல்லூரியின் வாசல் வளைவில் இப்படிப் பொன்னெழுத்தில் பொறித்திருக்கிறார்கள். அதன் கீழே நுழையும்போதெல்லாம் உதவிப் பேராசிரியர் நெடுமாறன் மூன்று வாரமாகத் தலையைக் குனிந்துகொள்கிறார்.

ஆளுக்கொரு கண்டுபிடிப்பு தராவிட்டால் வேலை நிரந்தரமாகாது என்று முதல்வர் ஜெக்கரியா சுற்றறிக்கை விட்டிருந்தார். கடைசி நாள் வரை நெடுமாறனுக்கு ஒன்றும் தோன்றவில்லை. வீட்டுக்குப் போகும் வழியில், விவசாயி வைரக்கண்ணுவின் வயலில் எலிக்கு வைத்திருந்த கிட்டி கண்ணில் பட்டது. வளைத்த மூங்கில், ஒரு நாண், கொஞ்சம் நெல். எலி வாயை வைத்தால் கழுத்து இறுகும். அந்த வட்டாரத்தில் அது இல்லாத வரப்பு கிடையாது. அதைப் படம் வரைந்து, ‘மூங்கில்சார் கொறிணி மேலாண்மைக் கருவி’ என்று பெயர் சூட்டி அனுப்பிவிட்டார்.

போன வருஷம் கட்டுரையைக் காப்பியடித்த ஓர் ஆசிரியரை முதல்வர் அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிய கதை மறுநாள்தான் ஞாபகம் வந்தது.

முதல்வரிடம் ஓடினார். கண்டுபிடிப்பு என்பது ரொம்பப் பெரிய வார்த்தை, அடக்கமாகப் ‘புத்தாக்கம்’ என்று மாற்றிக்கொள்கிறேன் என்றார். முதல்வருக்கு வாயெல்லாம் பல். சென்னையில் இப்போது அந்த வார்த்தைக்குத்தான் மவுசாம். விண்ணப்பம் மாநிலப் போட்டிக்குப் போய்விட்டது. நெடுமாறன் பதறி, ‘மரபறிவின் அடிப்படையில்’ என்று ஒரு வரியைச் சேர்க்கச் சொல்லிப் போட்டிக்காரர்களுக்கு எழுதினார். அதற்குத் தனிப் பிரிவு இருக்கிறது, நிபுணர் நேரிலேயே வந்து பார்ப்பார் என்று பதில் வந்தது.

நிபுணர் வருவதற்கு முதல் நாள், கல்லூரியைச் சுற்றியுள்ள கிட்டிகளை ஒரே ஒரு நாள் எடுத்துவிடும்படி வைரக்கண்ணுவிடம் கெஞ்சினார்.

“கதிரு பிடிக்கிற நேரத்துல எலிக்கு விருந்து வைக்கச் சொல்றீங்களா தம்பி?”

“ஒரு நாள்தாண்ணே. பெரிய ஆளு வர்றாரு. அவரு கண்ணுல பட்டா என் வேலையே போயிரும்.”

“கிட்டி என்ன கள்ளச்சாராயமா, ஒளிச்சு வைக்க?” என்றாலும் வைரக்கண்ணு சம்மதித்தார். சொன்ன சொல் தவறவில்லை. விடிவதற்குள் இருநூறு கிட்டியையும் பிடுங்கிக் கட்டி, களவு போகாத இடமாயிற்றே என்று, கல்லூரி வாசலிலேயே குவித்துவிட்டுப் போய்விட்டார். நெடுமாறன் முதல் கட்டைத் தூக்குவதற்குள் கார் வந்து நின்றது.

நிபுணர் முனைவர் ராஜராஜன் இறங்கினார். குவியலைப் பார்த்தார். அப்படியே நின்றுவிட்டார்.

“என்ன இதெல்லாம்?”

“மாதிரிகள் சார். நானே செஞ்சது.”

“இந்தப் பக்கம் வேற யாராவது இதைப் பயன்படுத்துறாங்களா?”

நெடுமாறன் வயலை மறைத்தாற்போல் நகர்ந்து நின்றார். வீட்டில் மனைவி செவ்வந்தியிடம் எந்த முகத்தோடு சொல்வது, நாளைக்கு எங்கே போய் வேலை தேடுவது? “யாருமில்ல சார்.”

“நல்லாத் தெரியுமா?”

“சத்தியமா சார்.”

ராஜராஜன் வயல் பக்கம் திரும்பவில்லை. கருவியைத் தொடவுமில்லை. முதல்வர் நீட்டிய இளநீரை மறுத்துவிட்டு, கார் பானட்டின் மேலேயே படிவத்தை விரித்து, ‘முற்றிலும் அசல். இதற்கு முன் எங்கும் இல்லாதது’ என்று கிறுக்கிக் கையெழுத்திட்டார். ஏறிக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டார்.

இத்தனை அவசரமாக ஒரு மனுஷன் கிளம்பினால் நேரே மேலிடத்தில் புகார் கொடுக்கத்தான் என்று நெடுமாறனுக்கு உறுதியாகிவிட்டது. பானட்டில் மறந்த மூக்குக்கண்ணாடியை எடுக்க ஓட்டுநர் முபாரக் இறங்கினார். நெடுமாறன் அவர் பக்கத்தில் போய், சாருக்கு என் மேல் ரொம்பக் கோபமா என்று கேட்டார்.

முபாரக் காரை ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டார்.

“கோவமில்ல சார், பயம். அவரு டாக்டர் பட்டம் வாங்கினதே இந்தக் கிட்டியைக் கண்டுபிடிச்சதுக்குத்தான்.”