கம்ப்யூட்டர்ல இருக்கார்

"சுத்துது மாப்பிள்ளை."

மாமனார் கைபேசியை நீட்டினார். திரையின் நடுவில் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டிருந்தது. மாப்பிள்ளை கண்களைச் சுருக்கி அதைப் பார்த்தான். அப்படிப் பார்த்தால் விஷயம் தெரிந்தவன் மாதிரி இருக்கும். இந்த விஷயத்தில் அவனிடம் இருந்த ஒரே சாமர்த்தியம் அதுதான்.

"எப்ப இருந்து மாமா?"

"ஒரு வாரமா. நெட் கம்பெனிக்காரனைக் கூப்பிடலாம்னுதான் சொன்னேன். உங்க அத்தைதான், 'வெளியாள் எதுக்கு, சனிக்கிழமை மாப்பிள்ளை வர்றாரு, அவர் கம்ப்யூட்டர்லதானே இருக்கார்'னுட்டா."

மாப்பிள்ளை கம்ப்யூட்டரில் இருப்பது உண்மைதான். பெரிய கம்ப்யூட்டர் கம்பெனிதான். அங்கே அவனுடைய வேலை நாற்காலி வாங்குவது. எந்த நாற்காலி முதுகுக்கு ஒத்துக்கொள்ளும், எதன் சக்கரம் ஆறே மாதத்தில் கிறீச்சிடும் என்று கேட்டால் தூக்கத்தில்கூடச் சொல்வான். கல்யாணப் பேச்சின்போது யாரோ "பையன் கம்ப்யூட்டர்ல இருக்கார்" என்றார்கள். கம்ப்யூட்டரில் எங்கே என்று யாரும் கேட்கவில்லை. அவனும் வாயைத் திறக்கவில்லை. கல்யாணமான பிறகு மனைவியிடம் மட்டும் சொன்னான். அவள் விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, "எங்கப்பாகிட்ட மட்டும் மூச்சு விடாதீங்க" என்றாள்.

காரணம் இருந்தது. மாமனார் ரயிலில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர். டிக்கெட் இல்லாதவனைப் பெட்டிக்குள் நுழையும்போதே முகத்தை வைத்துப் பிடித்துவிடுவாராம். பொய்யர்களைக் கண்டால் அவருக்கு அறவே ஆகாது.

"நாலு மணிக்குள்ள சரியாயிடணும் மாப்பிள்ளை. என் தம்பி வீடியோவுல வர்றான். அப்பா வாங்கிக் குடுத்த சைக்கிளைத் தொலைச்சது நான்தான்னு இத்தனை வருஷமா ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரியறான். இன்னிக்கு மூஞ்சியைப் பார்த்துக் கேட்கப் போறேன். பொய் சொன்னா அவனுக்கு மூக்கு நுனி சிவக்கும். அது தெரியற அளவுக்குப் படம் தெளிவா வேணும்."

மாப்பிள்ளை தன்னையறியாமல் மூக்கைத் தடவிக்கொண்டான்.

மனைவி அவனை ஓரமாக இழுத்தாள். "பேசாம தலைவலின்னு படுத்துக்கோங்க."

"தலைவலின்னு சொன்னாலும் உங்கப்பா மூஞ்சியைத்தானே பார்ப்பாரு?"

வேறு வழியில்லை. அலுவலகத்தில் கணினி பழுதுபார்க்க வருகிறவர்கள் முதலில் என்ன செய்வார்கள் என்பதை அவன் தினமும் பார்த்திருக்கிறான். வைஃபை பெட்டியை அணைத்தான். கையைக் கட்டிக்கொண்டு சற்று நேரம் நின்றான். மறுபடி போட்டான்.

"என்ன பண்ணினீங்க?" என்றார் மாமனார்.

"உள்ள தேங்கி நின்னதையெல்லாம் வெளிய விட்டிருக்கேன் மாமா."

சொன்ன பிறகுதான் சாக்கடையைப் பற்றிச் சொன்ன மாதிரி இருக்கிறதே என்று தோன்றியது. ஆனால் மாமனார் மரியாதையோடு தலையாட்டினார். வட்டம் முன்னைவிட நிதானமாகச் சுற்றியது.

அப்போதுதான் அவன் கவனித்தான். பெட்டி இரும்பு பீரோவுக்குப் பின்னால், சுவரோடு ஒடுங்கிக் கிடந்தது.

"இங்க யாரு மாமா வெச்சது?"

"போன வாரம் ஒட்டடை அடிக்கறப்ப உங்க அத்தை நகர்த்தி வெச்சா."

மாப்பிள்ளை பெட்டியை இழுத்து வெளியே வைத்தான். வட்டம் சட்டென்று மறைந்தது. திரையில் ஒரு செய்தி வாசிப்பவர் பல் வரிசை தெரிய வந்து நின்றார். மாமனாரின் முகம் மலர்ந்தது. மாப்பிள்ளைக்கே தான் நாற்காலி வாங்குபவன் என்பது ஒரு கணம் மறந்துபோனது.

காபியோடு வந்த அத்தை பெட்டியைப் பார்த்தாள்.

"நடுக்கூடத்துல இருந்தா யாராவது இடறி விழுவாங்களே மாப்பிள்ளை. உயரமா இருந்தா இன்னும் நல்லா வருமாமே. சமையலறை மேல்தட்டுல இடம் இருக்கு."

உயரம் என்ற வார்த்தை அவனுக்குப் பிடித்திருந்தது. தொழில்நுட்பம் போல ஒலித்தது. "நானே சொல்லணும்னு இருந்தேன் அத்தை" என்றான். நீளமான ஒயரைப் போட்டு இழுத்துக்கொண்டுபோய், எவர்சில்வர் பாத்திரங்களுக்கு நடுவே பெட்டியைக் குடியேற்றினான். அத்தை ஒத்தாசையாக அதன் முன்னால் ஒரு பெரிய அண்டாவை நகர்த்தி வைத்தாள். கீழே விழுந்துவிடக் கூடாதாம். பிறகு மைக்ரோவேவில் எதையோ சூடு பண்ண வைத்தாள்.

"சுத்துது மாப்பிள்ளை" என்று கூடத்திலிருந்து குரல் வந்தது. "இப்ப வட்டமே பாதிதான் வருது."

மாப்பிள்ளைக்கு வியர்த்தது. பழியை வீட்டுக்கு வெளியே தள்ளுவதுதான் நல்லது என்று முடிவுசெய்தான்.

"மாமா, யாரோ நம்ம லைனைத் திருடறாங்க."

திருட்டு என்றதும் டிக்கெட் பரிசோதகர் விழித்துக்கொண்டார். "மாடியில இருக்கானே, அவனா? நெனச்சேன். மூஞ்சியே சரியில்ல."

"பாஸ்வேர்டை மாத்திட்டா முடிஞ்சுது."

"மகிழ்ச்சின்னு வைங்களேன்" என்றாள் அத்தை அடுப்படியிலிருந்தே. "மங்களகரமா இருக்கும்."

மாப்பிள்ளை ஆங்கில எழுத்தில் மகிழ்ச்சியைத் தட்டினான். எழுத்துக்குப் பதில் புள்ளிகள் வந்தன. சேமித்தான். வீட்டிலிருந்த எல்லாக் கருவிகளும் வைஃபையை விட்டு வெளியே வந்து விழுந்தன. இனி புதிய பாஸ்வேர்டைப் போட்டு உள்ளே போக வேண்டும்.

"மகிழ்ச்சிக்கு நடுவுல ஜி போட்டீங்களா, கே போட்டீங்களா?" என்றாள் மனைவி.

"ஜின்னுதான் நெனைக்கிறேன்."

"ழ வுக்கு?"

"இசட், எச்... இல்ல, வெறும் எல் மட்டுமா?"

"கேட்கிறது நான்."

மாமனார் கேயும் எல்லும் போட்டுப் பார்த்தார். மனைவி ஜியும் இசட்டும் போட்டாள். கடைசி 'ச்சி'யில் எத்தனை சி என்பதில் குடும்பம் மூன்றாகப் பிரிந்தது. யாருக்கும் மகிழ்ச்சி கிடைக்கவில்லை.

"நீங்கதானே போட்டீங்க?" மாமனார் மூக்குக் கண்ணாடியை இறக்கி மருமகனின் முகத்தைப் பார்த்தார். மாப்பிள்ளை தும்முவதுபோல் கைக்குட்டையை எடுத்து மூக்கை மூடிக்கொண்டான்.

"ஒண்ணும் பிரச்சினை இல்ல மாமா. பின்னாடி ஒரு ஓட்டை இருக்கு. அதை அழுத்தினா எல்லாம் பழையபடி ஆயிடும். ஊசி மாதிரி ஏதாவது..."

கேட்டு முடிப்பதற்குள் அத்தை ஒரு சேஃப்டி பின்னை நீட்டினாள்.

குத்தினான். பெட்டியில் எல்லா விளக்குகளும் ஒன்றாக எரிந்தன. பிறகு ஒன்றாக அணைந்தன. கடைசியில் ஒரே ஒரு சிவப்பு மட்டும் மிஞ்சியது. பழையபடி ஆனதென்னவோ உண்மை. பிறந்த அன்று எப்படி இருந்ததோ அப்படி ஆகிவிட்டது. கம்பெனி கொடுத்த பெயரைச் சொல்லு, எண்ணைச் சொல்லு என்று கேட்டது. அது அந்த வீட்டில் யாருக்கும் தெரியாது. கம்பெனிக்குப் போன் செய்தால், உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியம் என்று ஒரு பெண் குரல் மட்டும் சலிக்காமல் சொல்லிக்கொண்டிருந்தது.

அதற்குள் மணி நான்காகிவிட்டது.

இனி மாமனாரின் கைபேசியில் சொந்தமாக இருக்கும் சொற்ப சிக்னல்தான் கதி. அது பின்பக்க ஜன்னலின் மேல் மூலையில்தான் கிடைக்கும். மாமனார் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறப்போனார்.

"அது வேணாம் மாமா. பின்கால் இணைப்பு விட்டிருக்கு, ஏறினா சாயும். இந்த மரநாற்காலியில ஏறுங்க, நூறு கிலோ தாங்கும்."

அன்று காலையிலிருந்து அவன் தயங்காமல் பேசிய முதல் வாக்கியம் அதுதான். மாமனார் அவனை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு மரநாற்காலியில் ஏறினார். மாப்பிள்ளை நாற்காலியின் காலைப் பிடித்துக்கொண்டான்.

திரையில் தம்பி வந்தார். வந்த வேகத்தில் அரைக்கண் மூடியபடி உறைந்தார். அவர் மூக்கு இருக்கவேண்டிய இடத்தில் வட்டம் சுற்றியது.

"டேய், கேக்குதா? சைக்கிள்... சைக்கிளைப் பத்தி..."

"...ளியா? யாருக்குண்ணே சளி? உனக்கா?"

"சளி இல்லடா, சைக்..."

"மருந்து சாப்பிட்டியா? குரலே சரியில்லையே. நெஞ்சுல கட்டியிருக்கா? நான் கிளம்பி வரட்டுமாண்ணே?"

நாற்காலியின் மேல் நின்றபடியே மாமனாரின் தோள் தளர்ந்தது.

"அதெல்லாம் வேணாம்டா. நல்லாத்தான் இருக்கேன். நீ சாப்பிட்டியா?"

"சாப்பிட்டேண்ணே. கேக்குதா?"

"கேக்குது, கேக்குது."

இணைப்பு அறுந்தது. மாமனார் மெதுவாகக் கீழே இறங்கினார். கண் கலங்கியிருந்தது.

"எனக்குச் சளின்னு நெனச்சு பயந்துட்டான் மாப்பிள்ளை" என்றார். சைக்கிளைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. முகம் கழுவப் போய்விட்டார்.

மாப்பிள்ளைக்கு மனசு கேட்கவில்லை. இப்படிப்பட்ட மனிதரை ஏமாற்றுகிறோமே என்று குமைந்தது. நேரே சமையலறைக்குப் போனான். அத்தை அண்டாவை மறுபடி பழைய இடத்துக்கு நகர்த்திக்கொண்டிருந்தாள்.

"அத்தை, ஒண்ணு சொல்லணும். கம்பெனியில நான் பார்க்கிற வேலை..."

"முதல்ல என் பின்னைக் குடுங்க." வாங்கிக்கொண்டு கதவுப் பக்கம் எட்டிப் பார்த்துவிட்டுத் தாழ்ந்த குரலில் சொன்னாள்: "போன தடவை லைன் கண்ணாடி மாதிரி இருந்துச்சு மாப்பிள்ளை. அண்ணனும் தம்பியும் சைக்கிள்ல ஆரம்பிச்சாங்க, செத்தாலும் மூஞ்சியில முழிக்க மாட்டேன்னு முடிச்சாங்க. அப்புறம் ராத்திரி பகலா இவர் புலம்பினதைக் கேட்டது நான். லைன் சுத்தினா, கேக்குதா, சாப்பிட்டியா, இதுக்கு மேல பேச முடியறதில்ல. பாசம் பொங்குது."

"அப்ப அந்தப் பெட்டியை பீரோவுக்குப் பின்னாடி..."

"வேணும்னேதான் வெச்சேன். மைக்ரோவேவ் ஓடினாலும் லைன் சுத்தும்."

மாப்பிள்ளை மேல்தட்டைப் பார்த்தான், மைக்ரோவேவைப் பார்த்தான், அத்தையின் கையிலிருந்த பின்னைப் பார்த்தான்.

"அப்புறம் எதுக்கு அத்தை ரிப்பேர் பண்ண என்னைக் கூப்பிட்டீங்க?"

"நீங்க நாற்காலியில இருக்கீங்கன்னு கல்யாணத்துக்கு முன்னாடியே விசாரிச்சுட்டேன் மாப்பிள்ளை. நிஜமாவே கம்ப்யூட்டர்ல இருந்திருந்தா, உங்களைக் கூப்பிட்டிருப்பேனா?"